வண்டியைத் திறந்து பார்க்கச் சொல்லிக் கொடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புதுசாக ஒரு ஸ்கூட்டர் விற்பனைக்கு வந்தால் அதன் படம், விலை, மைலேஜ் என்று உங்கள் பத்திரிகையில் அரைப் பக்கம் வருகிறது. பத்து வருஷமாக ஓடிக்கொண்டிருக்கிற வண்டியை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று ஒரு வரிகூட வருவதில்லை. அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

எனக்கு பெங்களூரு ஸ்ரீராமபுரம். பீன்யாவில் லேத் பட்டறையில் 27 வருஷமாக டர்னர் வேலை. தினமும் கியர் இல்லாத ஸ்கூட்டரில்தான் போய்வருகிறேன். போன மழைக்காலத்தில் வண்டி கிளம்பும்போது உதற ஆரம்பித்தது, யஷ்வந்த்பூர் மேம்பாலம் ஏறினால் எஞ்சின் கத்துகிறதே தவிர வண்டி நகரவில்லை. அதே வாரத்தில் ஸ்பீடோமீட்டர் முள்ளும் 20-க்கும் 40-க்கும் நடுவில் ஆட ஆரம்பித்து, அப்புறம் ஒரேயடியாகப் படுத்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் கேட்டேன். கிளட்ச் முழு செட், பெல்ட், புது மீட்டர் எல்லாம் சேர்த்து 7,200 ரூபாய் என்று எழுதிக் கொடுத்தார்கள். மூடியைக்கூட யாரும் கழற்றிப் பார்க்கவில்லை. பார்க்காமலே எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, 'இந்த மாடலுக்கு இப்படித்தான் சார்' என்று பதில் வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகன் கனடாவிலிருந்து வீடியோவில் பேசினான். அங்கே கொட்டும் பனி. கொட்டகையில் ஸ்னோமொபைலைத் திறந்து போட்டு உட்கார்ந்திருந்தான். முன்னால் இரண்டு பனிச்சறுக்குப் பலகை, பின்னால் சக்கரத்துக்குப் பதில் ரப்பர் பட்டை, அந்த வண்டிதான். கியூபெக்கில் ஜோசப்-அர்மான்ட் பொம்பார்டியே என்பவர் 1959-இல் ஸ்கீ-டூ என்ற பெயரில் கொண்டுவந்தது ரொம்பப் பிரபலம், நம் குல்மார்கில்கூட சுற்றுலாக்காரர்களை ஸ்னோமொபைலில் ஏற்றிப் போகிறார்கள். அவன் மூடியைத் தூக்கிக் காட்டியதும் எனக்கு ஆச்சரியம். உள்ளே இருந்தது நம் ஸ்கூட்டரில் இருக்கிற அதே சங்கதி! ஒரு V பெல்ட், இரண்டு பக்கமும் விரிந்து சுருங்கும் புல்லி, வேகம் கூடக் கூடத் தானாகவே மாறிக்கொள்ளும்.

அவன் எஞ்சின் பக்கத்து கிளட்சைக் கழற்றிக்கொண்டிருந்தான், அந்த வண்டியில் முன் புல்லிதான் கிளட்ச். எஞ்சினிலிருந்து வருகிற கிராங்க் ஷாஃப்டின் நுனி டேப்பராக, அதாவது கூம்பு மாதிரி ஒடுங்கி இருக்கும், கிளட்ச் அதில் இறுகிக் கவ்விக்கொண்டிருக்கும். நடு போல்ட்டை எடுத்துவிட்டாலும் வெளியே வராது. நெம்புகோல் போட்டால் புல்லியின் முகம் வளைந்துவிடும். அந்த கிளட்சுக்கென்றே உள்ள நீளமான புல்லர் போல்ட்டை உள்ளே விட்டு இறுக்க வேண்டும். இறுக்கிவிட்டு அதன் தலையில் சுத்தியால் ஒரு தட்டு, கொஞ்சம் பொறுத்து இன்னும் கால் சுற்று. அவன் இரண்டாவது தட்டு தட்டியபோது 'டப்' என்று சத்தம், கிளட்ச் கையோடு வந்தது. திரும்பப் போடும்போது டேப்பரில் எண்ணெய், கிரீஸ் எதுவும் இருக்கக் கூடாது, துடைத்துக் காயவிட்டுத்தான் மாட்ட வேண்டும். லேத்தில் டேப்பர் சென்டர் போடுகிறவனுக்கு இதைச் சொல்ல வேண்டியதே இல்லை. அவனோ கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறவன், கையில் கம்பெனியின் சர்வீஸ் புத்தகம், அதைப் பார்த்துப் பார்த்தே செய்தான். 'பக்கத்துல மெக்கானிக் கடைன்னா ஒரு மணி நேரம் போகணும் மாமா, நானே கத்துக்கிட்டேன்' என்றான். இரும்பிலேயே வாழ்கிற நான் ஏன் 7,200 ரூபாய் கொடுக்க வேண்டும் என்று அன்றைக்கே என் வண்டியின் இடது பக்க மூடியைக் கழற்றிவிட்டேன்.

முதலில் ஒன்று. மூடியின் போல்ட்கள் எல்லாம் ஒரே நீளம் இல்லை. ஒரு அட்டையில் மூடியின் வடிவத்தை வரைந்து, எந்த போல்ட் எங்கிருந்து வந்ததோ அங்கேயே குத்தி வைத்தேன், திரும்ப மாட்டும்போது ஒரு நிமிஷம்கூட யோசிக்க வேண்டியிருக்கவில்லை. முன்பக்க நட்டைக் கழற்றும்போது புல்லி சுற்றாமல் இருக்க நிறைய பேர் அதன் விசிறி இறக்கைக்குள் ஸ்குரூ டிரைவரைச் சொருகுகிறார்கள். இறக்கை உடைந்துவிடும். பிடிப்பதற்கென்றே ஹோல்டர் ஜே.சி. ரோடு கடைகளில் கிடைக்கிறது, நான் பட்டறையில் ஒரு பட்டையில் துளை போட்டு நானே செய்துகொண்டேன். பின்பக்க நட்டையும் எடுத்தால் கிளட்ச் பெல், அதாவது வெளிக் கிண்ணம், வந்துவிடும். கிண்ணத்தின் உள்ளே சூட்டில் நீலம் பாய்ந்திருந்தது. சுற்றும்போது விரிந்து அந்தக் கிண்ணத்தைப் பிடிக்கிற கிளட்ச் ஷூக்கள் அவ்வளவாகத் தேயவில்லை, பாதிக்கு மேல் இருந்தது, ஆனால் மேல்பரப்பு கண்ணாடி மாதிரி பளபளவென்று இருந்தது. உதறலுக்குக் காரணம் அதுதான்.

கொரகுண்டேபாளையா சிக்னலில் நாம் எல்லோரும் செய்வதுதானே, நிற்கவும் நிற்காமல் போகவும் போகாமல் ஆக்ஸிலேட்டரை லேசாகத் திருகிக்கொண்டே ஊர்வது. அந்த வேகத்தில் ஷூ முழுசாகப் பிடிக்காமல் கிண்ணத்தில் உரசிக்கொண்டே இருக்கும், சூடேறி இப்படிப் பளபளப்பாகிவிடும். எமரி பேப்பரால் ஷூவையும் கிண்ணத்தையும் சொரசொரப்பாக்கினேன். அந்தத் தூசியை வாயால் ஊதவோ ஏர் அடிக்கவோ கூடாது, நுரையீரலுக்குக் கேடு, ஈரத்துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். ஷூவுக்குப் பின்னால் இருக்கிற பெரிய நட்டை வீட்டில் தொடவே வேண்டாம், அழுத்தி வைத்த ஸ்பிரிங் அதற்குள் இருக்கிறது, முகத்தில் அடித்துவிடும். முன்பக்க வேரியேட்டரில், அதாவது விரிந்து சுருங்கும் முன் புல்லியில், இருக்கிற ஆறு ரோலர்களில் இரண்டு ஒரு பக்கம் தட்டையாகத் தேய்ந்திருந்தன, பெல்ட்டிலும் வெடிப்பு. ரோலர் செட்டையும் பெல்ட்டையும் மட்டும் வாங்கினேன்.

திரும்ப மாட்டும்போது பலரும் தவறுகிற இடம் ஒன்று இருக்கிறது. பின் புல்லியை விரித்து பெல்ட்டை அதன் அடிவரை உள்ளே அழுத்திவிட்டால்தான் முன்னால் பெல்ட் தளர்ந்து கிடக்கும். அப்படிச் செய்யாமல் முன் நட்டை இறுக்கினால் நடுவில் பெல்ட் மாட்டிக்கொண்டு நட்டு இறுகிவிட்ட மாதிரி தெரியும், இரண்டு கிலோமீட்டர் போனதும் தளர்ந்து ஷாஃப்டின் பற்களையே அரைத்துவிடும். இதை எனக்குச் சொன்னது எங்கள் தெரு மெக்கானிக். எந்த மறைவும் இல்லாமல் சொன்னார்.

மீட்டர் கதை இன்னும் சுலபம். முன் சக்கரத்திலிருந்து மீட்டருக்குப் போகிற கேபிளின் கீழ்முனையைக் கழற்றி, உள்கம்பியை விரலால் திருகிப் பார்த்தேன், மேலே முள் லேசாக எழுந்தது. அப்படியானால் மீட்டரும் கேபிளும் நன்றாகத்தான் இருக்கின்றன. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தால் கேபிள் மாட்டுகிற இடம் சுற்றவில்லை. உள்ளே பிளாஸ்டிக் கியரின் பல் மழுங்கியிருந்தது. கனடாவிலும் பழைய ஸ்னோமொபைல்களில் இதே தகராறுதானாம், பட்டையை ஓட்டுகிற அச்சின் நுனியில் கேபிளைச் சுற்றுகிற சின்ன துண்டு உடைந்துபோகும். கேபிளுக்கும் முள்ளுக்கும் நடுவில் நேர்த் தொடர்பே கிடையாது என்பது தெரியுமா? கேபிள் ஒரு காந்தத்தைச் சுற்றுகிறது, அந்தக் காந்தம் தொடாமலே அலுமினியக் கிண்ணத்தை இழுக்கிறது, முடி போன்ற ஸ்பிரிங் ஒன்று அதைப் பிடித்து நிறுத்துகிறது. 1902-இல் ஓட்டோ ஷுல்ட்சே என்ற ஜெர்மானியர் காப்புரிமை வாங்கிய ஏற்பாடு, இன்றைக்கும் என் வண்டியில் அப்படியே ஓடுகிறது. எனக்கு அதை நினைத்தாலே சந்தோஷமாக இருக்கிறது. சரி, கேபிளை மண்ணெண்ணெயில் துடைத்து லேசாக கிரீஸ் தடவினேன், மேல்நுனியில் இரண்டு அங்குலம் தடவாமல் விட்டேன், இல்லாவிட்டால் கிரீஸ் மீட்டருக்குள் ஏறிவிடும்.

அந்த ஒரு சின்ன கியரைத் தனியாகத் தர மாட்டோம், முழு டப்பாவாகத்தான் வாங்க வேண்டும் என்று கடையில் சொன்னார்கள். இதுதான் எனக்கு மனசு ஆறவில்லை. 2022 டிசம்பரில் மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது, வாகனங்களும் அதில் அடக்கம். ஆனால் தனி உதிரி பாகமும், தமிழிலோ கன்னடத்திலோ ஒரு சர்வீஸ் புத்தகமும் எங்களைப் போன்றவர்கள் கைக்கு வரவில்லை. கடைசியில் எனக்கு எல்லாம் சேர்த்து 1,650 ரூபாய் ஆனது, ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

புதிய டிஜிட்டல் மீட்டர் வண்டிகளில் கேபிளே இல்லை, சென்சார்தான், அதற்கு இந்த வழி ஒத்துவராது. பிரேக்கில் அனுபவம் இல்லாதவர்கள் கை வைக்க வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். ஆனால் பழைய வண்டி வைத்திருக்கிற தமிழர்கள் இந்த ஊரில் எத்தனை பேர் இருக்கிறார்கள், ஸ்ரீராமபுரம், அல்சூர், சிவாஜிநகர் என்று தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். ஞாயிறு இதழில் கால் பக்கம் ஒதுக்குங்கள். நல்ல மெக்கானிக் ஒருவரைப் பிடித்து, வாரம் ஒரு பாகத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள், எதைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று. முதல் வாரத்துக்கு மீட்டர் கேபிளையே வைத்துக்கொள்ளலாம். போல்ட் குத்தி வைத்த அந்த அட்டையின் படம் என்னிடம் இருக்கிறது, கேட்டால் அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு.