நாலு குணமும் அறுபத்தோரு நாளும்

இராயபுரம்,
மே மாதம்

அன்புள்ள வேலாயுதம்,

உன் கடிதம் வந்து சேர்ந்தது. மூட்டுவலிக்கு எண்ணெய் தடவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய் என்று படித்ததும் கோபம்தான் வந்தது. கும்பகோணத்தில் டாக்டருக்கா பஞ்சம்? போய்க் காட்டு. இங்கே எல்லோரும் சுகம். பேரனுக்குப் பரீட்சை முடிந்துவிட்டது, வீடு இரண்டுபடுகிறது. மீன்பிடித் தடைக்காலம் என்பதால் காசிமேட்டில் வஞ்சிரத்தின் விலையைக் கேட்கவே பயமாக இருக்கிறது. ஃபைபர் போட்டில் வருகிற காரப்பொடி, சங்கரா என்று காலத்தை ஓட்டுகிறோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். தவக்காலத்தில் எங்கள் பங்குச் சாமியார் நாலு தலையான நற்பண்புகளைப் பற்றிப் பிரசங்கம் வைத்தார் என்று போன கடிதத்தில் இரண்டு வரி எழுதினேன். விவேகம், நீதி, துணிவு, தன்னடக்கம். அதற்கு நீ நாலு பக்கம் பதில் எழுதியிருக்கிறாய். கடைசியில் நிற்கிற தன்னடக்கம்தான் முதலில் வர வேண்டுமாம். அது இல்லாததால்தான் வடசென்னை இப்படிக் கிடக்கிறதாம். பூரண மதுவிலக்கு வந்தால் பாதிப் பிரச்சினை தீருமாம்.

'இப்படிக் கிடக்கிறது' என்றால் எப்படிடா? நீயும் சூரியநாராயண செட்டித் தெருவில் கோலி உருட்டி வளர்ந்தவன்தானே? ஊரை விட்டுப் போனதும் சினிமாக்காரன் காட்டுகிற வடசென்னைதான் உனக்கும் ஞாபகம் வருகிறதா? குடிக்கிறவன் இங்கே இருக்கிறான், இல்லை என்று சொல்லவில்லை. அண்ணா நகரில் இல்லையா? அங்கே கதவைச் சாத்திக்கொண்டு குடிக்கிறான். இங்கே பத்துக்குப் பத்து வீட்டில் சாத்திக்கொள்ள இடம் ஏது?

உன் கடிதத்தைப் படித்த பிறகு இதிலேயே மனசு ஓடிக்கொண்டிருந்தது. இந்த நாலு குணக் கணக்கு சர்ச்சுக்காரர்கள் கண்டுபிடித்ததில்லை. அதற்கு வெகு முன்னாலேயே கிரேக்கத்தில் பிளேட்டோ ஒரு நல்ல ஊர் எப்படி இருக்க வேண்டும் என்று பேசும்போது இவற்றைத்தான் சொல்கிறார். ஆளுகிறவனிடம் அறிவு இருந்தால் ஊருக்கு அறிவு இருப்பதாக அர்த்தம். படைவீரனிடம் துணிவு இருந்தால் ஊருக்குத் துணிவு உண்டு. ஆனால் தன்னடக்கம் அப்படி ஒரு பிரிவினரிடம் இருந்தால் போதாதாம். மேலே இருப்பவன் முதல் கீழே இருப்பவன் வரை எல்லோரிடமும் இருக்க வேண்டும், மேல் ஸ்தாயியும் கீழ் ஸ்தாயியும் சேர்ந்து ஒரே பாட்டைப் பாடுவதுபோல. இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது: நம் ஊரில் அந்தப் பாட்டைக் கீழ் ஸ்தாயிக்காரன் மட்டும்தான் பாட வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்க்கிறார்கள். அடக்கமாக இரு, அளவாகச் செலவு பண்ணு, குடிக்காதே என்று உபதேசம் எல்லாம் அன்றாடக் கூலிக்காரனுக்கு. எண்ணூர் கழிமுகத்தில் 2023 டிசம்பரில் எண்ணெய் படர்ந்து வலையெல்லாம் கறுப்பாகிப் போனதே, அப்போது யாராவது யாருக்காவது தன்னடக்கத்தைப் பற்றிப் பாடம் எடுத்தார்களா?

நீ தமிழ் வாத்தியார், உனக்கே குறளைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள். அடக்கமுடைமை பதின்மூன்றாவது அதிகாரம். அதற்கு முந்தையது எது? நடுவு நிலைமை. முதலில் நியாயம், அப்புறம் அடக்கம். வள்ளுவர் அப்படி நினைத்துத்தான் அடுக்கினாரா என்று நீ மடக்குவாய். போகட்டும், அந்த அதிகாரத்துக்குள்ளேயே வா: 'எல்லார்க்கும் நன்றாம் பணிதல் அவருள்ளும் செல்வர்க்கே செல்வம் தகைத்து.' எல்லோருக்கும் நல்லதுதான், ஆனால் பணக்காரனிடம் இருந்தால் அது இன்னொரு செல்வம் என்கிறார். காசிமேட்டில் வலை இழுக்கிறவனைப் பார்த்துச் சொன்ன குறளா இது?

இன்னொன்று. கள்ளுண்ணாமையை அவர் அறத்துப்பாலில் வைக்கவில்லை. புலால் மறுத்தல் அங்கே இருக்கிறது; கள் பொருட்பாலுக்குப் போய்விட்டது, அதுவும் நட்பு, தீ நட்பு, கூடா நட்பு என்று வரிசையாக வருகிற பகுதியின் வால் பக்கத்தில், சூதுக்குப் பக்கத்து வீடாக. குடி என்பது சேர்மானத்தில் வருகிற விவகாரம் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. இது எனக்கு எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பியைப் பார்த்துப் பார்த்துப் புரிந்த விஷயம்.

அவன் விசைப்படகில் வேலை பார்க்கிறவன். முன்பு கரை வந்து ஏலம் முடிந்து பங்கு கைக்கு வந்ததும் நேரே கடைக்குத்தான். இரண்டு குவார்ட்டர், அதோடு நிற்காது. இப்போது விட்டுவிட்டான். எப்படி விட்டான் தெரியுமா? உபதேசத்தால் இல்லை. ஏ.ஏ. என்கிற ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டத்துக்கு யாரோ இழுத்துக்கொண்டு போனார்கள். 1935இல் அமெரிக்காவில் ஒரு பங்குத் தரகரும் ஒரு டாக்டரும், இரண்டு பேருமே குடிகாரர்கள், ஒருவரையொருவர் தாங்கிப் பிடித்து ஆரம்பித்த இயக்கம் அது. அவன் அழைத்தானே என்று ஒரு நாள் நானும் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பிளாஸ்டிக் நாற்காலி, டீ, மேரி பிஸ்கட். ஒவ்வொருவராக எழுந்து 'நான் ஒரு குடிநோயாளி' என்று சொல்லிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குகிறார்கள். குடியை விட்டுப் பல வருஷம் ஆனவரும் அப்படித்தான் சொல்கிறார்.

கரையில் அவன் நடந்துகொள்வதைப் பார்க்க வேண்டும். பங்குப் பணம் வாங்கும் நேரத்துக்குப் பெண்டாட்டி வந்து நிற்பாள். எண்ணிப் பார்க்காமல் அப்படியே அவள் கையில் கொடுத்துவிட்டு, டீக்கும் பீடிக்கும் மட்டும் சில்லறை வாங்கிக்கொள்வான். கடை பகல் பன்னிரண்டு மணிக்குத் திறக்கிறது, அதற்குள் வீட்டுக்குப் போய்ப் படுத்துவிடுவான். கூட்டாளிகள் விடுவார்களா? சாவு வீடு, கல்யாண வீடு என்றால் இன்னும் மோசம். 'மச்சான், ஒரு கட்டிங்' என்று தோளில் கை போடுவார்கள். அவன் சண்டை போடுவதில்லை, அறிவுரை சொல்வதில்லை. 'இன்னிக்கு வேணாம் மாமா, நாளைக்குப் பாத்துக்கலாம்' என்பான். மறுநாளும் அதேதான் சொல்வான்.

இப்போது அரிஸ்டாட்டிலைக் கேட்டால், இவனுக்குத் தன்னடக்கம் இல்லை என்பார். ஆசை உள்ளே கொதிக்க, பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிறவன் ஒரு ரகம். ஆசையே அறிவோடு ஒத்துப்போய், தப்பானதில் நாட்டமே இல்லாதவன் இன்னொரு ரகம். இரண்டாமவன்தான் தன்னடக்கம் உள்ளவன் என்று பிரிக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் புனித தாமஸ் அக்குவினாஸும் இதையே ஒத்துக்கொள்கிறார். பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். ஆனால் என் மனசு கேட்கவில்லை வேலாயுதம். எனக்குக் குடிமேல் ஆசையே கிடையாது, வாசனையே பிடிக்காது. அதனால் நான் அவனைவிட உயர்ந்தவனா? பணத்தைக் கையில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று தன்னைப் பற்றித் தெரிந்து வைத்திருக்கிறானே, அது விவேகம். கூட்டாளிகள் முன்னால் நின்று வேண்டாம் என்கிறானே, அது துணிவு. உழைத்த காசு பெண்டாட்டி பிள்ளைக்குப் போய்ச் சேருகிறது, அது நீதி. நாலில் மூன்றை வைத்து நாலாவதைக் கட்டிக்கொண்டிருக்கிறான். அடக்கத்தை முதலில் வை என்று நீ எழுதினாயே, முதலில் வைத்தால் அது எதன் மேல் நிற்கும்?

அப்புறம் உன் பூரண மதுவிலக்கு. சுகமே வேண்டாம் என்று இருப்பவனையும் அரிஸ்டாட்டில் குறை என்றுதான் சொல்கிறார். எங்கள் சாமியார் இதைச் சொல்லாமல் விட்டுவிட்டார், தவக்காலம் அல்லவா.

1921இல் பெரியார் தன் தோப்புத் தென்னைகளை வெட்டியதையும், அவர் மனைவி நாகம்மையாரும் சகோதரி கண்ணம்மாளும் கள்ளுக்கடை மறியலில் நின்றதையும் எழுதியிருக்கிறாய். அருமையான உதாரணம், ஆனால் அது என் கட்சிக்குத்தான் சாதகம். அவர் குடிக்கிறவனைக் கூப்பிட்டு வகுப்பு எடுக்கவில்லை. கள்ளால் வருகிற தன் வருமானத்தை வெட்டினார். ராஜாஜி 1937இல் சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியதும் அப்படித்தான். அரசாங்கம் தன் கல்லாவில் கை வைத்துக்கொண்டது. அந்த ஓட்டையை அடைக்கத்தான் 1939இல் விற்பனை வரி வந்தது. 1948இல் மாகாணம் முழுக்க விலக்கு, 1971இல் கலைஞர் ஆட்சியில் தளர்வு, 1974இல் மறுபடி விலக்கு, 1981இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் மறுபடி தளர்வு, 1983இல் டாஸ்மாக், 2003இல் சில்லறைக் கடையும் அரசே எடுத்துக்கொண்டது என்று கதை நீள்கிறது. 2023-24இல் டாஸ்மாக் வழியாக அரசுக்கு வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். விற்பனை வரியையும் விட முடியவில்லை, சாராய வருமானத்தையும் விட முடியவில்லை. இதில் யாருக்கு 'நான் ஒரு குடிநோயாளி' என்று எழுந்து நிற்க வேண்டிய அவசியம் அதிகம் என்று நீயே சொல்.

அதற்காக நாளைக்கே எல்லாக் கடையையும் மூடு என்று சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அமெரிக்காக்காரன் 1920இல் மூடி 1933இல் திறந்துவிட்டான். பீகாரில் 2016 முதல் விலக்கு இருக்கிறது, பெண்கள் போராடிக் கேட்டு வாங்கியது. அங்கேயும் விஷச் சாராயச் சாவு நின்றபாடில்லை. கடை இருந்தால் மட்டும் நிற்கிறதா? 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து 60 பேருக்கு மேல் செத்தார்கள். டாஸ்மாக் சரக்கு வாங்கக் காசில்லாதவன் மலிவுப் பாக்கெட்டுக்குப் போனான்.

பிறகு எதுதான் வழி என்பாய். எனக்குத் தெரிந்த ஒரு தன்னடக்கம் இந்த மாதம் என் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் நடந்துகொண்டிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள், கிழக்குக் கடற்கரை முழுக்க விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் முட்டையிடுகிற காலம். முன்பு 45 நாளாக இருந்தது, 2017இல் கூட்டினார்கள். துறைமுகத்தில் படகுகள் உரசிக்கொண்டு நிற்கின்றன, ஒரு பக்கம் எஞ்சினைப் பிரித்துப்போட்டு வேலை, இன்னொரு பக்கம் வலை பின்னல், பெயிண்ட் வாசனை. ஒருவன் மட்டும் மீன் குஞ்சு பொரிக்கட்டும் என்று வீட்டில் உட்கார்ந்தால் அவன் ஏமாளி, பக்கத்துப் படகுக்காரன் அள்ளிக்கொண்டு போய்விடுவான். எல்லோரும் ஒரே நாளில் நிறுத்துவதால்தான் அது நடக்கிறது. பெரிய படகு முதலாளி முதலில் நிறுத்துகிறான், ஃபைபர் போட்டுக்கும் கட்டுமரத்துக்கும் தடை இல்லை. எளியவனுக்கு ஒரு வாய்ப்பு, வலியவனுக்கு ஒரு கட்டு. அரசு நிவாரணப் பணமும் கொடுக்கிறது. போதாது, ஆனாலும் அடக்கத்தைக் கேட்கிறவன் அதற்கான செலவில் கொஞ்சமாவது பங்கெடுக்கிறான்.

இந்த இடத்தில் நீ என்னைப் பிடிப்பாய் என்று தெரியும்: 'இதுவும் தடைதானே, மதுவிலக்கும் தடைதானே?' நியாயமான கேள்வி. இந்தத் தடைக்கு முடிகிற தேதி உண்டு, காரணம் ஒவ்வொரு மீனவனுக்கும் தெரியும், சுமை மேலேயிருந்து கீழே வருகிறது. மதுவில் இந்த மூன்றையும் எப்படிக் கொண்டுவருவது என்பதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கடைகளையும் விற்கிற நேரத்தையும் படிப்படியாகக் குறைத்து, வருமானம் குறைவதை அரசே தாங்கிக்கொண்டு, ஏ.ஏ. மாதிரி இடங்களை ஒவ்வொரு பேட்டையிலும் திறந்தால் நடக்கலாம். நடக்காமலும் போகலாம். படகில் கூலிக்குப் போகிறவன் இந்த இரண்டு மாதத்தில் முன்பணம் கேட்டு அலைகிறான், அதையும் மறைக்கவில்லை. பக்கத்து வீட்டுத் தம்பி இப்போது பெயிண்ட் அடிக்கிற வேலைக்குப் போகிறான். கையில் வேலை இல்லாத நாள்தான் அவனுக்கு ஆபத்து என்று அவனே சொன்னான்.

பதில் எழுதும்போது குறள் வரிசை விஷயத்தில் நான் சொன்னது சரியா என்று மட்டும் பார்த்துச் சொல். திருவொற்றியூரில் பட்டினத்தார் சமாதிக்கு ஒரு தடவை போக வேண்டும் என்று வெகு நாளாகச் சொல்கிறாய். ஜூன் கடைசியில் வா, மெட்ரோவிலேயே போய்விடலாம், உன் மூட்டுக்குப் படிக்கட்டு ஏறும் தொல்லை இல்லை, லிஃப்ட் இருக்கிறது. படகெல்லாம் கடலுக்குப் போயிருக்கும், வஞ்சிரமும் கொஞ்சம் இறங்கியிருக்கும். வரும்போது கும்பகோணம் கொழுந்து வெற்றிலை ஒரு கவுளி கொண்டுவரச் சொல்கிறாள் என் வீட்டுக்காரி. டாக்டர் வெற்றிலை பாக்குப் போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

அன்புடன்,
ஆரோக்கியம்