வள்ளியூர் நிலத்தில் பசுமைக்குடில் போடலாமா?

அன்பு மாப்பிள்ளைக்கு,

உன் கடிதமும் அதனுடன் வைத்திருந்த இரண்டு தாள் கணக்கும் கிடைத்தன. தங்கச்சிக்கு முழங்கால் வலி தணிந்திருக்கிறது என்று எழுதியிருந்தாய், மனதுக்கு நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் நலம். களக்காட்டுப் பக்கம் இந்த முறை காற்று ஏத்தன் வாழையை ஓரளவு விட்டுவைத்தது. என் தோப்பில் சாய்ந்தவை குறைவு. தார்களும் நல்ல விலைக்குப் போயின. நமக்குப் பத்தாம் வகுப்பில் கணக்கு எடுத்த வாத்தியார் போன மாதம் காலமாகிவிட்டார். நம் செட்டில் ஊரில் இருப்பவர்கள் எல்லோரும் போய் வந்தோம். உன்னையும் அங்கே விசாரித்தார்கள்.

இனி உன் கணக்குக்கு வருகிறேன். பணி ஓய்வு பெற்று ஊருக்கு வந்ததும் வள்ளியூருக்குத் தெற்கே இருக்கும் உன் அப்பாவின் புன்செயில் ஒரு ஏக்கருக்குப் பாலித்தீன் தாள் போர்த்திய பசுமைக்குடில் போட்டுக் குடைமிளகாய் வைக்கலாம், நெல்லை விடப் பல மடங்கு லாபம் என்று எழுதியிருக்கிறாய். ஊருக்குத் திரும்பி மண்ணில் கால் வைக்க வேண்டும் என்ற உன் எண்ணம் எனக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்று சொல்லத் தேவையில்லை. பசுமைக்குடிலில் லாபம் இருக்கிறது என்பதையும் நான் நம்புகிறேன். ஆனால் நீ எதோடு எதை ஒப்பிட்டிருக்கிறாய் என்பதில்தான் எனக்குச் சம்மதம் இல்லை.

ஏக்கருக்கு எவ்வளவு என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். சேரன்மகாதேவியிலோ அம்பாசமுத்திரத்திலோ நன்செய் வைத்திருப்பவன் அப்படிக் கேட்கலாம். அவனுக்குத் தாமிரபரணிக் கால்வாயில் தண்ணீர் வருகிறது, நிலம்தான் குறைவு. உன் பக்கம் கதை வேறு. நிலம் சும்மா கிடக்கிறது, தண்ணீர் இல்லை. அதனால் நீ போடும் ஒரு ரூபாய்க்கு என்ன வருகிறது, கிணற்றிலிருந்து இறைக்கும் தண்ணீருக்கு என்ன வருகிறது என்ற இரண்டையும்தான் பார்க்க வேண்டும்.

முதலில் ரூபாய். 2024-25 பருவத்தில் பொது ரக நெல்லுக்கு மாநில அரசின் ஊக்கத்தொகையையும் சேர்த்துக் குவிண்டாலுக்கு 2,405 ரூபாய் கிடைத்தது. ஏக்கருக்கு 25 குவிண்டால் என்று வைத்தால் ஏறக்குறைய 60,000 ரூபாய். உழவு, நடவு, உரம், அறுவடை எந்திர வாடகை எல்லாம் போக 20,000 மிஞ்சினால் நல்ல போகம். இருபத்தைந்து சென்ட்டுக்கு 5,000 என்று ஆகிறது.

அதே இருபத்தைந்து சென்ட்டில், அதாவது ஆயிரம் சதுர மீட்டரில், பசுமைக்குடில் போட்டு விதையில்லா வெள்ளரி வைத்தால் ஒரு போகத்துக்குப் பத்து டன் எடுக்க முடியும் என்று வைத்துக்கொள். கிலோ 15 ரூபாய் என்றால் ஒன்றரை லட்சம். விதை, கரையும் உரம், ஆள் கூலி, வண்டி வாடகை எல்லாவற்றுக்கும் 80,000 போனாலும் 70,000 நிற்கும். நெல்லைப் போலப் பதினான்கு மடங்கு! உன் தாளில் இருக்கும் மடங்குக் கணக்கும் இப்படி வந்ததுதான்.

ஆனால் அந்தக் கூடாரம் சும்மா முளைத்துவிடவில்லை. தேசியத் தோட்டக்கலைத் திட்டத்தின் 2014 நெறிமுறைப்படி, இயற்கைக் காற்றோட்டமுள்ள குழாய்ச் சட்டக் குடிலுக்குப் பரப்பைப் பொறுத்துச் சதுர மீட்டருக்கு 844 முதல் 1,060 ரூபாய் வரை செலவு என்று கணக்கிட்டு அதில் பாதியை மானியமாகக் கொடுத்தார்கள். தொகையையும் பரப்பு வரம்பையும் அவ்வப்போது திருத்துகிறார்கள். அதனால் வள்ளியூர் வட்டாரத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகத்தில் இன்றைய நிலவரத்தைக் கேட்டுக்கொள்வது நல்லது. மானியம் போகக் குறைந்தது ஐந்து லட்சம் உன் கையிலிருந்து போகும் என்று வை. பத்து சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 50,000. மேலே போர்த்தும் இருநூறு மைக்ரான் பாலித்தீன் தாள் மூன்று நான்கு ஆண்டுகளில் வெயிலில் நைந்துவிடும். அதை மாற்ற ஆண்டுக்கு 35,000 ஒதுக்கு. இரண்டு போகத்தில் வந்த 1,40,000 ரூபாயில் இந்த 85,000 ரூபாயைக் கழித்தால் மிச்சம் 55,000. அப்போதும் நெல்லின் இரண்டு போகத்து 10,000 ரூபாயை விட ஐந்து மடங்குக்கு மேல்தான். எனக்கு அதில் மறுப்பு இல்லை.

இப்போது விலையை மட்டும் மாற்றிப் பார். வெள்ளரி கிலோ 15 ரூபாய்க்குப் பதிலாகப் பத்து ரூபாய்க்குப் போனது என்று வை. போகத்துக்கு ஒரு லட்சம் வரவு, 80,000 செலவு, மிச்சம் 20,000. இரண்டு போகத்துக்கும் சேர்த்து 40,000. வட்டிக்கும் தாளுக்கும் 85,000 கொடுக்க வேண்டும். 45,000 ரூபாய் நட்டம்! விளைச்சல் ஒரு கிலோகூடக் குறையவில்லை, விலை ஐந்து ரூபாய் இறங்கியது, அவ்வளவுதான். நெல்லில் விலை இறங்கினால் வயிறு சுருங்கும். குடிலில் விலை இறங்கினால் கடன்காரன் வாசலுக்கு வருவான். உன் இரண்டு தாளிலும் விலை இறங்கும் மாதத்துக்கு ஒரு வரி இல்லை, மாப்பிள்ளை. அதுதான் என்னை உறங்க விடாமல் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

குடிலின் உண்மையான வரவு, மற்றவர்களிடம் சரக்கு இல்லாத வாரத்தில் உன்னிடம் இருப்பதில்தான் இருக்கிறது. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியது உனக்கு நினைவிருக்கும். செப்டம்பருக்குள் விலை சரிந்து, பறிக்கிற கூலிகூடத் தேறவில்லை. ஒரே பயிர், ஒரே ஆண்டு, இரண்டு மாத வித்தியாசம். ஸ்பெயினில் அல்மேரியா என்ற ஊர்ப்பக்கம் முப்பதாயிரம் ஹெக்டேருக்கு மேல் பிளாஸ்டிக் கூரைகள் நிற்கின்றன. அதுவும் நம் ராதாபுரம் போலக் கடலோரத்து வறண்ட பூமிதான். மண்ணின் மேல் எருவும் அதற்கு மேல் மணலும் பரப்பி ஈரத்தைக் காப்பாற்றுகிறார்கள். கோடையில் கூரைக்குச் சுண்ணாம்பு அடித்து வெக்கையைக் குறைக்கிறார்கள். அவர்கள் பணம் பார்த்தது, வட ஐரோப்பா பனியில் உறைந்து கிடக்கும் மாதங்களில் அங்கே காய் அனுப்பியதால். நமக்குப் பனி கிடையாது. ஐப்பசி, கார்த்திகை மழையும் சித்திரை, வைகாசி வெயிலும்தான் நமக்கு அந்த மாதங்கள். மழையில் மல்லித்தழை அழுகும், வெயிலில் கருகும். பாவூர்ச்சத்திரத்திலும் நயினார்குளம் மார்க்கெட்டிலும் அந்த வாரங்களில் கட்டு என்ன விலைக்குப் போகிறது என்று நானே பார்த்திருக்கிறேன். நிழல்வலைக்குள் விதைத்த மல்லி நாற்பது நாளில் கட்டுக்கு வந்துவிடும். அதற்குத் தேனீயும் வேண்டாம், பந்தலும் வேண்டாம்.

உன் குடைமிளகாய் மட்டும் வேண்டாம் என்கிறேன், காரணம் வெக்கை. குடைமிளகாய் நன்றாக வரும் ஓசூரும் கோத்தகிரியும் உயரமான இடங்கள், அங்கே இரவு குளிரும். நம் சமவெளியில் கோடையில் வெளியே முப்பத்தெட்டு டிகிரி என்றால் பாலித்தீன் தாளுக்குள் இன்னும் ஏறும், பூ பிஞ்சாகாமல் கொட்டும். மின்விசிறியும் ஈரத்திரையும் வைத்துக் குளிர்விக்கலாம்தான், ஆனால் அதற்கான செலவு உன் கணக்கில் இல்லை.

தண்ணீர்க் கணக்கு மட்டும் குடிலுக்குப் பெரிய சாதகம். இதை நீ எழுதவே இல்லை என்பது எனக்கு ஆச்சரியம். வெள்ளரிச் செடி ஒன்றுக்கு நாளுக்கு இரண்டு லிட்டர் என்று சொட்டு நீரில் கொடுத்தாலும் 2,500 செடிக்கு 5,000 லிட்டர், நூறு நாளுக்கு ஐந்து லட்சம் லிட்டர். ஆயிரம் சதுர மீட்டர் பாலித்தீன் கூரையில் ஆண்டுக்கு 500 மில்லி மீட்டர் மழை விழுந்தால் அதுவும் ஐந்து லட்சம் லிட்டர்! சிந்துவது, ஆவியாவது போக மீதியைப் பண்ணைக்குட்டையில் பிடித்துவைத்தால் ஒரு போகத்தின் பெரும்பகுதித் தண்ணீர் உன் கூரையிலிருந்தே வந்துவிடும். ராதாபுரம், நாங்குநேரிப் பக்கம் விவசாயம் பார்க்கும் ஒரு சம்சாரிக்கு இதைவிடப் பெரிய செய்தி இருக்க முடியாது. குட்டைக்கு அடியில் தாள் விரிக்க மறக்காதே, இல்லாவிட்டால் அந்த மண் எல்லாவற்றையும் குடித்துவிடும். சொட்டுநீர்க் கருவிக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீதமும் மற்றவர்களுக்கு எழுபத்தைந்து சதவீதமும் மானியம் உண்டு.

அப்படியென்றால் பாலித்தீன் குடில்தானே போட வேண்டும் என்று கேட்பாய். போடலாம், உடனே வேண்டாம். காரணம் காற்று. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் காற்றை நம்பித்தான் முப்பந்தலிலும் பணகுடியிலும் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. ஆனி, ஆடியில் அந்தக் காற்று தாளை ஒரு பக்கம் கிழித்தால் போதும், மறு பக்கம் தானாகப் போய்விடும். இந்த மழைக்கே நிலத்தின் மேற்கு எல்லையில் இரண்டு வரிசை சவுக்கு நட்டுவிடு. அது ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து காற்றை மறிக்கும் வரைக்கும் நிழல்வலைக் கூடம் மட்டும் போதும். அதற்குச் செலவும் குறைவு, காற்றும் வலை வழியாக ஓரளவு ஊடுருவிப் போகும்.

அந்த இரண்டு மூன்று ஆண்டுக்கு என் யோசனை: கூடத்தில் பாதியில் மல்லித்தழை, பாதியில் குழித்தட்டு நாற்று. என் தங்கை மகன் களக்காட்டுச் சாலையில் தக்காளி, கத்திரி, மிளகாய் நாற்றுப் போட்டுக் கொடுக்கிறான். 98 குழித் தட்டில் தேங்காய் நார்க் கழிவு நிரப்பி, ஒரு குழிக்கு ஒரு விதை. தக்காளி ஏறக்குறைய 25 நாளில் நடவுக்கு வந்துவிடும். வீரிய விதை விலை ஏறிய பிறகு மேட்டுப்பாத்தியில் விதைத்துப் பாதியை இழக்க யாருக்கும் மனமில்லை, அதனால் முன்பணம் கொடுத்துச் சொல்லிவைக்கிறார்கள். விற்ற பிறகு விலை கேட்கும் வேலை இல்லை, சொல்லிவைத்த பிறகுதான் விதைக்கிறான். இந்தத் தொழிலில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. குடிலுக்குள் வெள்ளரியையே திரும்பத் திரும்ப வைத்தால் மூன்றாம் ஆண்டுக்குள், மண்ணில் இருக்கும் நூற்புழு தாக்கி வேரில் முடிச்சு விழும். வேப்பம் பிண்ணாக்கும் பயிர் மாற்றமும் தொடக்கத்திலிருந்தே வேண்டும். அடுத்தது, வெள்ளரியை அன்றாடம் பறிக்க வேண்டும், கொடியை அன்றாடம் கயிற்றில் ஏற்றிவிட வேண்டும். நீ மும்பையில் இருந்துகொண்டு போனில் நடத்தும் வேலை இல்லை இது. ஓய்வுக்கு முன்பே குடிலைக் கட்டிவிடலாம் என்று எழுதியிருந்த வரியை அடித்துவிடு.

நன்செய் வைத்திருக்கும் நம் மற்ற நண்பர்களிடம் இதை நான் சொல்ல மாட்டேன். ஆற்றுப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளையும் வயலை மூடிப் பிளாஸ்டிக் போர்த்துவது எனக்கு மனம் ஒப்பாது. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றங்கரை என்ன பாடு பட்டது என்று நீயும் தொலைக்காட்சியில் பார்த்தாய். அந்தத் தண்ணீர் கூடாரத்தைக் கேட்டுக்கொண்டு வராது. உன் வறண்ட புன்செய்க்கு இது பொருந்துகிறது என்பதால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

கோயில் கொடைக்கு வரும்போது முதல் வேலையாகக் கிணற்றுத் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுப்போம். உன் நிலத்துக்குக் கீழ்ப்புறக் கிணறுகளில் உப்பு ஏறிக்கொண்டிருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள். உப்பு அதிகம் என்றால் சொட்டுவான் அடைக்கும், வெள்ளரி இலை ஓரம் கருகும், பிறகு கணக்கு முழுவதையும் மாற்றி எழுத வேண்டும். சுத்தமான ஒரு லிட்டர் பாட்டில் கொண்டு வா. மோட்டாரைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பிடிக்க வேண்டும். மண் மாதிரியை நான் இங்கிருந்தே எடுத்துவைக்கிறேன், சாவி உன் சித்தப்பா வீட்டில்தானே இருக்கிறது?

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பைச் சொல்.

உன் பழைய தோழன்