காலாவதியான கடன், அடைந்த கடன் அல்ல

அடிமை முறையால் ஆதாயம் பெற்ற அமெரிக்க வங்கிகளையும் காப்பீட்டு நிறுவனங்களையும் இன்று நிர்வகிக்கும் இயக்குநர் குழுவினருக்கு,

வணக்கம். நான் தமிழ்நாட்டில் ஒரு வங்கியின் கடன் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். உங்களிடம் எனக்குக் கணக்கும் இல்லை, வழக்கும் இல்லை. ஈடு என்றால் என்னவென்று தெரியும். அந்த உரிமையில் எழுதுகிறேன்.

2005 ஜனவரியில் ஜே.பி. மார்கன் சேஸ் ஒன்றை ஒப்புக்கொண்டது. அதன் முன்னோடிகளான லூசியானா மாநிலத்தின் சிட்டிசன்ஸ் பாங்க், கனால் பாங்க் இரண்டும் 1831 முதல் 1865 வரை சுமார் 13,000 அடிமைகளைக் கடனுக்கு ஈடாக ஏற்றிருந்தன. தோட்ட முதலாளிகள் தவணை தவறியபோது ஏறத்தாழ 1,250 பேர் வங்கிகளுக்கே சொந்தமானார்கள். இது தானாக வந்த ஞானோதயம் அல்ல. தன்னோடு தொழில் செய்ய விரும்பும் நிறுவனங்கள் அடிமைக் காலத் தொடர்பை வெளியிட வேண்டும் என்று சிகாகோ நகரம் விதி போட்டிருந்தது.

கறவை மாட்டுக் கடன் எத்தனையோ கொடுத்திருக்கிறேன். நிறம், வயது, கொம்பின் வளைவு, காது வில்லையின் எண், மதிப்பு என்று எல்லாம் எழுதிய பிறகுதான் கையெழுத்து. மாடு செத்தால் காது வில்லையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். காப்பீட்டுப் பணம் முதலில் கடனுக்குப் போகும். உங்கள் பழைய பதிவேடுகளைப் பற்றிப் படித்தபோது அந்தப் படிவம்தான் கண்முன் வந்தது. இன்றைய நியூயார்க் லைஃப், நாட்டிலஸ் என்ற பெயரில் இருந்த 1840களில், அடிமைகளின் உயிர்மீது 508 பாலிசிகள் விற்றது. அடிமை செத்தால் பணம் எஜமானுக்கு. செத்தவனின் மனைவிக்கு அதில் ஒரு காசும் இல்லை.

அடிமைகளின் வழித்தோன்றலான டியாட்ரியா ஃபார்மர்-பெல்மன், இழப்பீடு கேட்டு 2002இல் ஏட்னா காப்பீட்டு நிறுவனம், ஃப்ளீட்பாஸ்டன் வங்கி, சிஎஸ்எக்ஸ் ரயில் நிறுவனம் ஆகியவற்றின் மீது தொடுத்த வழக்கு என்ன ஆனது என்று உங்கள் வழக்கறிஞர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். வாரிசுகளுக்கு நேரடிப் பாதிப்பு நிரூபணமாகவில்லை, காலமும் கடந்துவிட்டது என்று 2006இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பெரும்பகுதியைத் தள்ளியது. பழைய தொடர்பை மறைத்து வாடிக்கையாளரை ஏமாற்றியதாகச் சொன்ன புகாருக்கு மட்டும் உயிர் கொடுத்தது. ஏட்னாவோ 2000ஆம் ஆண்டிலேயே வருத்தம் தெரிவித்திருந்தது. வருத்தத்துக்குக் காலக்கெடு இல்லை, வரவுசெலவுக்கு உண்டு போலும்.

காலம் கடந்தது என்கிறீர்கள். எப்போது கேட்டிருக்க வேண்டும்? கறுப்பினத்தவர் குடிமக்களே அல்லர், கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்குப் போட முடியாது என்று 1857இல் டிரெட் ஸ்காட் வழக்கில் சொன்னது உங்கள் உச்ச நீதிமன்றம். அடிமைகள் விளைவித்த பருத்தியின்மீது அரசு வசூலித்த வரிப் பணத்தை முன்னாள் அடிமைகளுக்குத் திருப்பித் தர வேண்டுமென்று 1915இல் நடந்த வழக்குக்குப் பின்னால் நின்றவர் காலி ஹவுஸ் என்ற சலவைத் தொழிலாளி. வழக்கும் தோற்றது, தபால் மோசடி என்று குற்றம் சாட்டி அவரைச் சிறையிலும் அடைத்தார்கள். கேட்டு வென்றவரும் உண்டு. விடுதலை பெற்ற பிறகு கடத்தப்பட்டு மீண்டும் விற்கப்பட்ட ஹென்ரியெட்டா வுட், தன்னைக் கடத்தியவன்மீது 1870இல் வழக்குத் தொடுத்தார். 1878இல் சின்சினாட்டியில் ஜூரிகள் அவருக்கு 2,500 டாலர் கொடுக்கச் சொன்னார்கள். ஜே.பி. மார்கன் 2005இல் லூசியானா மாணவர்களுக்கு அறிவித்த கல்வி உதவி 50 லட்சம் டாலர். 13,000 பேருக்கு வகுத்துப் பார்த்தேன், தலைக்கு 385 டாலர்கூடத் தேறவில்லை.

எங்கள் பக்கம் ஒரு பழைய கதை உண்டு. பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலையைக் காட்டி, சுந்தரர் தனக்கு வழியடிமை என்று திருவெண்ணெய்நல்லூர் சபையில் முதியவராக வந்த சிவபெருமான் வாதாடினார். சபை பாட்டனின் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்த்து, ஓலை செல்லும் என்றது. பக்தர்களுக்கு அது தடுத்தாட்கொண்ட கதை. கடன் பிரிவில் இருந்த எனக்கோ, பேரனைக் கட்டிப்போடப் பாட்டனின் கையெழுத்து போதுமானதாக இருந்தது என்பதுதான் நினைவில் நிற்கிறது. பேரன் கேட்டு வந்தால் மட்டும் ஏன் அது செல்லாமல் போகிறது?

நான் வேலை பார்த்த காலத்தில் மூன்று ஆண்டு முடிவதற்குள் கடன்காரரைத் தேடிப்போய்க் கடன் ஒப்புகைக் கடிதத்தில் கையெழுத்து வாங்குவோம். தவறினால் வழக்குப் போட முடியாது. அப்போதும் கடன் அடைந்ததாகாது. காலாவதியான கடனையும் தருகிறேன் என்று ஒருவர் எழுதிக் கையெழுத்திட்டால் அது செல்லும் என்று எங்கள் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 25ஆம் பிரிவு சொல்கிறது. உங்கள் நாட்டிலும் காலக்கெடு என்பது பிரதிவாதி எழுப்ப வேண்டிய வாதம். எழுப்பாமல் விட அவருக்கு உரிமை உண்டு.

நான் கேட்பது அதைத்தான். அடுத்த வழக்கு வரும்போது காலக்கெடுவை எழுப்பாதீர்கள். பழைய பதிவேடுகளை நீங்களே நீதிமன்றத்தில் வையுங்கள். முதலில், வங்கியின் சொத்தாகிப்போன அந்த 1,250 பேரை விற்றீர்களா, உழைக்க வைத்தீர்களா, வந்த தொகையை எந்தக் கணக்கில் வரவு வைத்தீர்கள் என்று சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியன் ஒருவன்