எடை போடுமுன் ஊரைக் கேளுங்கள்

கும்பகோணம், தஞ்சாவூர், மாயவரம் பக்கத்துப் பழைய பாத்திரக் கடைக்காரர்கள், வெள்ளி வியாபாரிகள், அடகுக்கடைக்காரர்கள், பட்டறை ஆசாரிகள் எல்லோருக்கும்,

வணக்கம். உங்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். சனிக்கிழமை தோறும் சைக்கிளில் வந்து, "பட்டாளத்து மெடல் ஏதாவது வந்துச்சா அண்ணே?" என்று கேட்டுவிட்டு, பழைய சாமான் மூட்டையை ஒரு கிளறு கிளறிப் போகிறவன். 17 வருஷம் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்தவன். கடைப் பையன்கள் எனக்கு 'மெடல் மாமா' என்று பெயர் வைத்திருப்பதும் தெரியும். சரி, இருக்கட்டும்.

போன மாதம் உங்கள் கடைகளில் ஒன்றில் ஒரு வெள்ளி மெடல் பார்த்தேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை. தொங்கவிடும் கொக்கியைக் கட்டரால் வெட்டி, ரிப்பனை அறுத்துக் குப்பையில் போட்டு, மெஷினில் கொடுத்துப் பளபளவென்று மெருகும் ஏற்றியிருந்தார்கள். கடைக்காரர் நல்ல மனிதர், எனக்காகத்தான் சுத்தம் செய்து வைத்தாராம். கையில் வாங்கியதும் வயிறு பகீரென்றது. விளிம்பில் ஓர் எழுத்துகூட மிச்சமில்லை.

அந்த விளிம்பைப் பற்றித்தான் இந்த மடல்.

உங்களிடம் அதிகம் வருவது முதல் உலகப் போரின் வெள்ளி மெடல். ஒரு பக்கம் ஐந்தாம் ஜார்ஜ் தலை இருப்பதால் 'ராஜா காசு' என்பீர்கள். ஆனால் ரூபாய்க் காசைவிடப் பெரிது, 36 மில்லிமீட்டர். மறுபக்கம் அம்மணமாக ஒருவன் குதிரைமேல் இருப்பான், குதிரைக் காலடியில் மண்டையோடு, ஓரத்தில் 1914, 1918. அந்த மண்டையோட்டைப் பார்த்துப் பயந்துதான், வீட்டில் வைத்திருக்கக் கூடாது என்று பல பெண்கள் கொண்டுவந்து போடுகிறார்கள். கூடவே இறக்கை வைத்த பெண் உருவத்தோடு பித்தளை மாதிரி ஒன்று வரும். அது வெற்றிப் பதக்கம், வெண்கலம். வானவில் நிறத்தில் ரிப்பன் இருந்தால் அதற்குரியதுதான். பெரும்பாலும் இரண்டும் ஜோடி. தயவுசெய்து பிரிக்காதீர்கள்.

இப்போது வெள்ளி மெடலை நிமிர்த்திப் பிடித்து, ஓரத்தை வெளிச்சத்தில் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். முதலில் ஒரு நம்பர், அப்புறம் பதவி, பெயர், கடைசியில் படைப்பிரிவு, எல்லாம் பொடி ஆங்கில எழுத்தில் குத்தியிருக்கும். 'க்யூ.வி.ஓ. எஸ். அண்ட் எம்.' என்று முன்னால் 2 போட்டு இருந்தால், அவர் விக்டோரியா மகாராணி பெயர் கொண்ட சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ் (பட்டாளத்துப் பொறியியல் படை) ஆள், அதாவது மெட்ராஸ் சாப்பர். மெசபடோமியாவில், அதாவது இன்றைய ஈராக்கில், டைகிரிஸ் ஆற்றுக்குப் பாலம் போட்ட படை. காவிரியில் நீந்திப் பழகிய பையன் எவனாவது அங்கே படகு தள்ளியிருப்பான் என்று நினைத்துக்கொள்வது என் பைத்தியம்.

இவ்வளவும் இருக்கிற விளிம்பில் ஊர் மட்டும் இருக்காது.

எங்கள் பக்கத்துப் பழைய பள்ளிக்கூடம் ஒன்றில் சுவரில் பதித்த கல் இருக்கிறது. இந்தக் கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914-1919 பெரும் போருக்குப் போனார்கள், அவர்களில் இத்தனை பேர் உயிர் கொடுத்தார்கள் என்று இரண்டே வரி. இதே வாசகத்தோடு நாடு முழுக்கக் கல் நட்டார்கள். கல்லில் ஊர் உண்டு, எண்ணிக்கை உண்டு, ஒருவர் பெயரும் இல்லை. மெடலில் பெயர் உண்டு, ஊர் இல்லை. இரண்டும் சந்திக்கக்கூடிய ஒரே இடம் உங்கள் தராசுத் தட்டு. கொண்டுவந்து போடுகிற அம்மாவிடம் "எந்த ஊரும்மா?" என்று நீங்கள் கேட்டால் உண்டு, இல்லையென்றால் இல்லை.

தெரியாமல் செய்வதை நான் குறை சொல்ல முடியாது. என் பாட்டனார் மெடலை எங்கள் வீட்டிலேயே அழித்தோம். வருஷா வருஷம் சரஸ்வதி பூஜைக்கு அம்மா அதை வெள்ளிக் குத்துவிளக்கோடு சேர்த்து விபூதி போட்டுத் தேய்ப்பாள். துணியால் துடைத்துக் கொடுத்தவன் நான்தான். நாற்பது பூஜை தாண்டியபோது நம்பரின் கடைசி இரண்டு இலக்கம் போய்விட்டது. பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தாயிற்று, சாய்த்துப் பிடித்து டார்ச் அடித்தும் பார்த்தாயிற்று. அந்தக் கடைசி இரண்டு இலக்கம் தெரியாமல் அவர் பட்டாளத்தில் எந்த கம்பெனியில் (படைக்குழுவில்) இருந்தார் என்று தேடக்கூட வழியில்லை. கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும். புளி, விபூதி, பாலிஷ் எதுவும் வேண்டாம்.

இன்னொன்று, நீங்கள் அதிகம் ஏமாறுகிற இடம். அதே குதிரைக்காரன் மெடல் வெண்கலத்திலும் வரும். வெள்ளி இல்லையே என்று கிலோ கணக்கில் போட்டுவிடுகிறீர்கள். அது நாச்சியார்கோவில் பட்டறையில் உருக்கும் மூசைக்குப் போய் விளக்குத் தண்டாகிவிடும். வெள்ளியில் சுமார் 65 லட்சம் கொடுத்தார்கள், வெண்கலத்தில் சுமார் 1,10,000 மட்டுமே. அதுவும் பெரும்பாலும் சீன, மால்டா, இந்திய உழைப்பாளர் படைகளுக்கு. சிலவற்றின் விளிம்பில் பதவி எழுதும் இடத்தில் 'கூலி' என்றே இருக்கும். மண் வெட்டியவர், மூட்டை தூக்கியவர். சேகரிப்பவன் கணக்கில் வெள்ளியைவிட இதுதான் அரியது.

சின்னத் தட்டு மாதிரி, பன்னிரண்டு சென்டிமீட்டர் வெண்கல வட்டம் வந்தால் இன்னும் கவனம். சிங்கத்தோடு ஒரு பெண் நிற்பாள். போரில் இறந்தவர் வீட்டுக்கு அனுப்பியது அது. ஒரு வீட்டில் அதை உப்பு ஜாடிக்கு மூடியாக வைத்திருந்ததைப் பார்த்தேன். அதில் பதவி கிடையாது, வெறும் பெயர்தான். சிப்பாயும் அதிகாரியும் அங்கே ஒன்று.

இரண்டாம் போரின் பித்தளை நிற ஆறுமுனை ஸ்டார்களில், பர்மா ஸ்டாரோ ஆப்பிரிக்கா ஸ்டாரோ, பின்பக்கத்தைப் பாருங்கள். பிரிட்டிஷ் சிப்பாய்க்குப் பெயர் போடாமல் கொடுத்தார்கள், இந்தியருக்குப் பெயர் குத்திக் கொடுத்தார்கள். பெயரே இல்லாமல் புதுமெருகோடு வந்தால், கண்டோன்மெண்ட் தையல் கடையில் உடுப்புக்கு வாங்கிய நகலாக இருக்கலாம். அதை நீங்கள் தாராளமாக எடைக்குப் போடலாம்.

எனக்கே விற்க வேண்டும் என்று கேட்கவில்லை. யாருக்கு வேண்டுமானாலும் கொடுங்கள். வெள்ளி ரேட்டுக்கு மேலே நானும் கொடுக்கிறேன், அது தனிப் பேச்சு. ஒரு துண்டுச் சீட்டில் ஊர், தெரு, கொண்டுவந்தவர் சொன்ன உறவு, தேதி, இவ்வளவுதான் எழுதி மெடலோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். பழுப்பேறிய டிஸ்சார்ஜ் காகிதம் கூட வந்தால் கிழிக்காதீர்கள், அதில் ஊரும் தாலுகாவும் இருக்கும்.

கடைசியாக, தை மாதம் கும்பகோணத்தில் ஒரு கடையில் வாங்கிய வெண்கல மெடல் என் மேசையில் இருக்கிறது. நம்பர், பெயர் எல்லாம் சுத்தமாகப் படிக்க முடிகிறது. கொண்டுவந்தவர் வயசானவர், மஞ்சள் பை வைத்திருந்தார், பஸ்ஸுக்கு அவசரப்பட்டார் என்று மட்டும் கடைப் பையன் சொன்னான். எந்தப் பக்கத்து பஸ் என்று அவனுக்கு நினைவில்லை. உங்களில் யாருக்காவது அந்தப் பெரியவரைத் தெரிந்தால், அடுத்த சனிக்கிழமை வரும்போது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் மெடல் மாமா