அந்த ரீலைத் தூக்கிப் போடச் சொல்லாதே

திசையன்விளை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லாரும் நலம். நீ, தங்கச்சி, பிள்ளைகள் எல்லாரும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீ அனுப்பிய குரல் பதிவுகளைக் கேட்டேன். பதில் போடாததற்குக் காரணம் இருக்கிறது. போனில் சொன்னால் நீ பாதியிலேயே கத்த ஆரம்பிப்பாய், மீதியைச் சொல்ல விடமாட்டாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படி, அப்புறம் கத்து.

மாமாவுக்கு இடது கையில் வெட்டு. சுட்டுவிரல், நடுவிரல் இரண்டும். பயப்படாதே, தையல் பிரித்தாயிற்று, விரல் நன்றாக மடங்குகிறது. உன்னிடம் சொல்லக் கூடாது என்று என்னையும் உன் தம்பியையும் கட்டிப் போட்டுவிட்டார். ‘அவன் மஸ்கட்ல இருந்து என்ன செய்யப் போறான், ராத்திரி தூங்காமக் கெடப்பான்’ என்றார். ஆறின பிறகு சொல்லலாம் என்று அத்தை உத்தரவு கொடுத்ததால் இப்போது எழுதுகிறேன்.

நடந்தது இதுதான். சாயங்காலம் வழக்கம்போல உவரியில், அலையைத் தடுக்கக் கடலுக்குள் கல் கொட்டி நீட்டிய தூண்டில் வளைவுப் பாறையில் போய் உட்கார்ந்திருக்கிறார். நல்ல பாறை மீன் ஒன்று கடித்திருக்கிறது. சுற்றினால், தூண்டில் கம்பில் நூலைச் சுற்றுகிற அந்த ரீல் கரகரவென்று முரண்டு பிடித்து, அப்படியே நின்றுவிட்டது. அவர் கை கைத்தூண்டிலில் வளர்ந்த கை இல்லையா? கம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நரம்பை விரலில் சுற்றி இழுத்திருக்கிறார். தங்கூசி, அதாவது ஒற்றை நைலான் இழை என்றால் கை தாங்கும். நீ சுற்றிக் கொடுத்தது பிரெய்டு, மெல்லிய இழைகளைப் பின்னிய நூல். கால் மில்லிமீட்டர் பருமன்கூட இல்லாத அந்த நூல், மீன் ஒரு ஓட்டம் ஓடியதும் விரலை அறுத்துக்கொண்டு உள்ளே இறங்கிவிட்டது. மீன் போனால் போகட்டும். நனைந்த கல்லில், தனியாக, கையில் ரத்தம் வடிய அவர் இறங்கி வந்ததை நினைத்தால் எனக்கு இப்போதும் வயிறு கலங்குகிறது.

நீ உன் தம்பியிடம், ‘அந்த ரீலைத் தூக்கிப் போடு, பத்து பேரிங் உள்ள புதுசு அனுப்புறேன்’ என்று சொன்னாயாம். மாப்ள, அதைத்தான் வேண்டாம் என்கிறேன். உள்ளூரில் ஒரு கடைக்காரரும் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் ‘இனி ஓடாது’ என்று திருப்பிக் கொடுத்திருக்கிறார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வருஷக்கணக்காகப் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன் நான். கரகரவென்ற சத்தம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டாலே தெரியும். அது பேரிங். பாடியும் கியரும் சரியாக இருக்கிற ஒரு மிஷினை, சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்குகிற ஒரு வளையத்துக்காகக் குப்பையில் போடுவதா?

அன்றைக்கு ராத்திரி கடையைச் சாத்திவிட்டு, மேசையில் வெள்ளைத் துணி விரித்து, அந்த ரீலைத் திறந்தேன். கழற்றிய ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே துணியில் வைத்து, போனில் படமும் எடுத்துக்கொண்டேன். கியருக்கு அண்டையில் ஷிம் என்று ஒரு வட்டத் தகடு இருக்கும், வெங்காயத் தோல் கனம்தான். பேரிங்கோடு ஒட்டிக்கொண்டே வெளியே வந்துவிடும். அது எந்தப் பக்கத்தில் இருந்ததோ அந்தப் பக்கத்துக்கே போக வேண்டும். இல்லாவிட்டால் கியர் பல் சரியாகப் பொருந்தாது, புது பேரிங் போட்டும் பழைய சத்தமே வரும்.

முதல் குற்றவாளி லைன் ரோலர். நூல் வளைந்து ஏறுகிற அந்தச் சின்ன உருளைக்குள் ஒரு பேரிங் இருக்கிறது. உப்புத் தண்ணீரில் ஊறிய நூல் முழுவதும் அதன் மேலேதான் ஏறுகிறது, அதனால் பெரும்பாலும் அதுதான் முதலில் சாகும். உருட்டினேன், அசையவே இல்லை. நகத்தால் நெம்பியதும் பழுப்பு மாவு கொட்டியது. உருளை சுற்றாமல் நின்றதால், நூல் ஒரே இடத்தில் தேய்த்துத் தேய்த்து உருளையில் பள்ளம் விழ ஆரம்பித்திருந்தது. நூல் முறுக்கிக்கொள்கிறது என்று மாமா போன வருஷமே சொன்னாராமே, காரணம் இதுதான்.

அடுத்தது மெயின் கியருக்கு இரண்டு பக்கமும் உட்காருகிற பேரிங்குகள். ஒன்று சும்மா அழுக்கு. மற்றது கல் கடிக்கிற மாதிரி இருந்தது. ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்தானே, எப்படித் துரு பிடிக்கும்?’ என்று கேட்பாய். பிடிக்கும். ஸ்டெயின்லெஸ் பேரிங் பலவும் 440சி என்கிற எஃகில்தான் வருகிறது. தேயாமல் இருக்க அதில் கார்பனைக் கூட்டிச் சேர்க்கிறார்கள். துருவைத் தடுக்க வேண்டிய குரோமியத்தில் ஒரு பங்கை அந்தக் கார்பன் பிடித்து வைத்துக்கொள்கிறது. வீட்டுத் தூக்குச்சட்டி எஃகு கடல் உப்பைத் தாங்குகிற அளவுக்குக்கூட அது தாங்காது. உப்பு காய்ந்து உள்ளே உட்கார்ந்துவிட்டால், காற்றில் இருக்கிற ஈரத்தை இழுத்து இழுத்துக் குண்டு ஓடுகிற தடத்தை அரித்துவிடும். அப்படி அரித்த பேரிங்கை எத்தனை தடவை கழுவினாலும் பிரயோசனமில்லை, மாற்றித்தான் ஆக வேண்டும்.

அழுக்கானதை மட்டும் கழுவினேன். அதில் எனக்கு இருக்கிற சந்தோஷத்தை எப்படிச் சொல்ல! பேரிங்கின் மூடித் தகட்டைச் சுற்றி ஒரு கம்பி வளையம், தலைமுடியைவிடக் கொஞ்சம் பருமன். ஊசி முனையால் அதன் நுனியைத் தூக்கினால் துள்ளி ஓடும், அதனால் பாலிதீன் பைக்குள் கையை விட்டு வேலை செய்ய வேண்டும். மூடி வந்ததும் உள்ளே ஏழெட்டுக் குண்டுகள், சுற்றிலும் மாமா விட்ட தேங்காய் எண்ணெய் பழுப்பாக இறுகிப்போய்! மாமாவுக்குக் கதவுக் கீலுக்கும் தேங்காய் எண்ணெய், தலைக்கும் தேங்காய் எண்ணெய். ஐசோபுரப்பைல் ஆல்கஹாலில் ஊற வைத்து, வடித்து, மறுபடி ஊற வைத்தேன். கடையில் தின்னர் டின் நிறைய இருக்கிறது, ஆனால் அதைத் தொடவில்லை. ரப்பர் சீலையும் பிளாஸ்டிக்கையும் அது கெடுத்துவிடும். காய்ந்த பிறகு சுற்றினால் சலசலவென்று சத்தம் வந்தது. எண்ணெய் இல்லாத பேரிங் அப்படித்தான் பேசும், அந்த நேரத்தில் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஒரு சொட்டு எண்ணெய் விட்டுக் குச்சியில் மாட்டிச் சுற்றினேன். சத்தமே இல்லை.

ஒன்று மட்டும் உன் தம்பியிடம் நீயே பக்குவமாகச் சொல். கைப்பிடி பின்னால் சுற்றாமல் பிடிக்கிற ஒன்-வே பேரிங்கில் அவன் கிரீஸை அப்பி வைத்திருக்கிறான். அதற்குள் இருப்பவை சின்ன உருளைகள். அவை சட்டென்று இறுகிப் பிடித்தால்தான் கைப்பிடி நிற்கும். கிரீஸில் மூழ்கினால் வழுக்கிக்கொண்டு பின்னால் ஓடும். அங்கே பேருக்கு எண்ணெய் காட்டினால் போதும். கியர்ப்பக்க பேரிங்குகளுக்கு நேர்மாறு. கடலுக்குப் போகிற ரீல் என்றால் தண்ணீரில் கரையாத மெரைன் கிரீஸை உள்ளே நிறைத்துவிட வேண்டும், உப்பு நுழைய இடமே இருக்கக் கூடாது. அப்புறம், கரைக்கு வந்ததும் பம்புசெட் குழாயை நேராகப் பிடித்து ரீலைக் கழுவுகிறான். அந்த வேகம் உப்பை உள்ளே தள்ளும். மீன் இழுக்கும்போது நூலை விட்டுக்கொடுக்கிற டிராக் திருகை இறுக்கிவிட்டு, நல்ல தண்ணீரை மேலாகத் தெளித்து, துடைத்து, பிறகு திருகைத் தளர்த்தி நிழலில் வைத்தால் போதும்.

புது பேரிங்குக்கு அலைந்ததுதான் பெரிய கதை. நெல்லை ஜங்ஷனில் பேரிங் கடைகளில் ஏறி இறங்கினேன். ஃபேனுக்குப் போடுகிற 6202, மோட்டாருக்குப் போடுகிற 6204, 6205 எல்லாம் மலை மாதிரிக் கிடக்கிறது. 7-க்கு 11-க்கு 3 கேட்டால் சிரிக்கிறார்கள். உள் துளை 7 மில்லிமீட்டர், வெளி விட்டம் 11, கனம் 3. அதன் பெயர் எம்ஆர் 117. முதல் 11 வெளி விட்டம், கடைசி 7 துளை. எம்ஆர் 74 என்றால் வெளியே 7, உள்ளே 4. நம் 6205-இல் கடைசி எண்ணை ஐந்தால் பெருக்கினால் துளை 25 என்று வருகிற மாதிரி, இதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது பார்த்தாயா! கணக்கு சார் இருந்திருந்தால் இதை வைத்து ஒரு பீரியட் ஓட்டியிருப்பார். கடைசியில் ஆன்லைனில்தான் வரவழைத்தேன். ரோலருக்கு 2ஆர்எஸ், அதாவது இரண்டு பக்கமும் ரப்பர் மூடி. இசட்இசட் என்கிற தகடு மூடியைவிடக் கொஞ்சம் இறுக்கமாகச் சுற்றும், ஆனால் உப்பைத் தடுக்கும். உட்கார வைக்கும்போது வெளி வளையத்தை மட்டும் அழுத்தினேன். உள் வளையத்தில் அழுத்தினால் அத்தனை பாரமும் குண்டு வழியாகப் போய்த் தடத்தில் குழி விழும். இது மோட்டாரில் படித்த பாடம், ரீலுக்கும் அதேதான்.

செராமிக் பேரிங் போடேன் என்று நீ சொல்வாய், எனக்குத் தெரியும். பெரும்பாலும் அதில் குண்டுதான் செராமிக், வளையம் அதே எஃகு, அதே துரு. அது வேகமாகச் சுற்றும் என்பதும் நமக்கு உதவாது. இந்த மாதிரி ஸ்பின்னிங் ரீலில் எறியும்போது நூல் சுற்றியிருக்கிற ஸ்பூல் சுற்றுவதே இல்லை, நூல் மட்டும்தான் உருவிக்கொண்டு போகிறது. பெட்டி மேல் போடுகிற ஏபெக் 7, ஏபெக் 9 எல்லாம் அளவுத் துல்லியத்துக்கு மட்டும் கொடுக்கிற எண். உப்பைத் தாங்குமா என்று அது ஒரு வார்த்தை சொல்லாது. பெட்டியில் பேரிங் 10+1 என்று பார்த்து மயங்கும் ஆள் நீ என்று எனக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே தெரியும், வாட்ச் வாங்கின கதை நினைவிருக்கிறதா?

இதை இவ்வளவு நீட்டி எழுதுவதற்குக் காரணம் மாமாதான், மாப்ள. வலது தோள் அவருக்குத் தூக்க வரவில்லை. வள்ளத்தில் போவது நின்றுபோயிற்று. இந்த ரீலின் கைப்பிடியை இடது பக்கம் மாற்றி வைத்து, அதன் கனத்துக்குத் தன் கையைப் பழக்கியிருக்கிறார். புதுசைக் கொடுத்தால் மரியாதைக்கு வாங்கி அலமாரியில் வைத்துவிட்டு, கைத்தூண்டிலை எடுத்துக்கொண்டு அதே பாறைக்குப் போவார். ரீல் நன்றாக ஓடினால் நூலைக் கையால் பிடிக்கிற தேவை வராது. பிரெய்டு வேண்டாம் என்று சொல்லி அதையும் உருவிவிட்டுக் கனமான தங்கூசி சுற்றிவிட்டேன், அதற்கு நீ கோபிக்கக் கூடாது. தனியாகப் போகாதீர்கள் என்று நான் சொன்னால் கேட்கமாட்டார். உன் தம்பி மகனைக் கூடவே அனுப்பச் சொல்லியிருக்கிறேன், இரண்டு பேருக்கும் அது பிடித்திருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து ரீலைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். காதோரம் வைத்துச் சுற்றிப் பார்த்தார். ‘புதுசா வாங்கினியாலே?’ என்றார். எனக்கு அந்த ஒரு கேள்வி போதும்.

நீ அவருக்குப் போன் செய். விரலைப் பற்றி எனக்குத் தெரியும் என்று நேராகவே சொல்லிவிடு, ஆனால் திட்டாதே. கிறிஸ்துமஸுக்கு வரும்போது அங்கே தூண்டில் கடையில் இவற்றைக் கேட்டு வாங்கி வா: எம்ஆர் 117 நாலு, ரோலருக்கு 4-க்கு 7-க்கு 2.5 ரப்பர் மூடியில் நாலு, ஷிம் கலவைப் பாக்கெட் ஒன்று. இங்கே ஆட்கள் ரீலைத் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வர ஆரம்பித்துவிட்டார்கள், கையிருப்பு வேண்டும். பணத்தை உன் தம்பியிடம் கொடுத்துவிடுகிறேன், வேண்டாம் என்று சொன்னாயானால் வாங்கி வராதே.

தங்கச்சியைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
இசக்கி