மணி அடிக்காத மத்தியானம்

மண்டபத்துக்கு மேற்கே, ராமநாதபுரம் மாவட்டம்,
கார்த்திகை, ஞாயிறு இரவு

அன்புள்ள சேகு,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. பதில் தாமதமானதற்கு மழைமேல் பழியைப் போடுகிறேன். பாதி உண்மைதான். மீதி உனக்குத் தெரிந்த என் சோம்பேறித்தனம்.

முட்டிவலிக்குக் கடைசியில் டாக்டரைப் பார்த்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதி. தைலம் தேய்த்தே இரண்டு வருஷத்தை ஓட்டிவிட்டாயே மாப்ளே. பேத்தி பள்ளிக்கூட வேனில் முன் சீட்டுக்குச் சண்டை போடுகிறாள் என்றாயே, அது அப்படியே நீதான். பரமக்குடி பஸ்ஸில் டிரைவர் பக்கத்துப் பெட்டிமேல் உட்கார நீ எத்தனை பேரிடம் திட்டு வாங்கியிருக்கிறாய்!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். "தூறல் போட்டாலே உங்க மாவட்டத்துக்கு லீவு, கொடுத்து வெச்சவன்டா நீ" என்று எழுதியிருந்தாய். வேலூரில் உட்கார்ந்துகொண்டு நீ இதைச் சொல்கிறாய். 2023இல் வெயிலுக்காகப் பள்ளிக்கூடத் திறப்பு ஜூன் 1 என்றதை 7 என்று மாற்றி, அப்புறம் பெரிய பிள்ளைகளுக்கு 12, சின்னப் பிள்ளைகளுக்கு 14 என்று தள்ளினார்களே, அப்போது உன் ஊர்க்காரர்கள் யாராவது வேண்டாம் என்றார்களா? எங்களுக்கு மழையில் விடும் லீவையெல்லாம் சனிக்கிழமை சனிக்கிழமையாகத் திருப்பி வாங்கிவிடுகிறார்கள். கொடுத்து வைத்தவனாம்.

ஆனால் நீ கிண்டலாகக் கேட்டது எனக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. லீவு விட்ட நாள் தலைமையாசிரியனான எனக்குச் சுலபமான நாள். காலை ஆறரைக்கு டிவியில் கலெக்டர் அறிவிப்பு ஓடும், ஆயாவுக்கு ஒரு போன், அவ்வளவுதான். லீவு விடாத நாளில் பதினோரு மணிக்கு வானம் கருக்கிறதே, அதுதான் வயிற்றைக் கலக்கும். "தலைமையாசிரியர்கள் சூழ்நிலைக்கு ஏற்ப முடிவெடுக்கலாம்" என்று சில நாள் அறிவிப்பு வரும் பார், அன்றைக்கு இரண்டு மடங்கு கலக்கும்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். நான் இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் பொறுப்பேற்ற முதல் ஐப்பசி. காலையில் வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. பதினோரு மணி வாக்கில் கிழக்கே கறுத்துக்கொண்டு வந்தது. காற்று சட்டென்று நின்று, ஈரமாக ஒரு குளிர் தட்டியது. கடற்கரையில் வளர்ந்த நமக்குத் தெரியாத குளிரா அது? ஓர் அலுவலகத்திலிருந்து போன். "மழை பிடிக்கிறதுக்குள்ள பிள்ளைகளை அனுப்பிடுங்க சார், எதுக்கு ரிஸ்க்." எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. அவசரமாகச் சாப்பாட்டைப் போட்டு ஒரு மணிக்கெல்லாம் மணியை அடித்துவிட்டேன். பிள்ளைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். நல்ல காரியம் செய்த திருப்தியில் டீ குடித்தேன்.

அஞ்சாம் வகுப்புப் பெண் ஒருத்தி வீட்டுக்குப் போனால், பூட்டிக் கிடக்கிறது. அம்மா கடல்பாசி எடுக்கத் தீவுப் பக்கம் போயிருக்கிறாள். அப்பன் தொழிலுக்குக் கேரளா போயிருக்கிறான். பக்கத்து வீட்டுப் பெண்களும் அதே வள்ளத்தில்தான் போயிருக்கிறார்கள். பிள்ளை கொஞ்ச நேரம் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறாள். மழை இறங்கியதும் அம்மா வருகிறாளா என்று பார்க்கக் கடற்கரைக்கு நடந்துவிட்டாள். நாலு மணிக்கு அவள் அம்மா ஈரச் சேலையோடு பள்ளிக்கூட வாசலில் வந்து நின்று, "சார், புள்ள எங்க?" என்றாள். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை சேகு. மணி அடித்தது மட்டும்தான் எனக்குத் தெரியும்.

ஊரே தேடியது. பொழுது சாயும் நேரத்தில், கரையில் கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு வள்ளத்துக்கு அடியில் கிடைத்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, பையை மடியில் வைத்து அதன்மேல் குப்புறக் கவிந்து உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் முதலில் சொன்னது: "சார், புத்தகம் நனையல."

மறுநாள் அவள் நடந்த வழியில் நான் நடந்து பார்த்தேன். ஊரணிக் கரைதான் வழி. ஊரணி நிரம்பி, தண்ணீரும் பாதையும் ஒரே செம்மண் நிறத்தில் கிடந்தன. கரை எங்கே முடிகிறது என்று காட்ட, அந்தப் பக்கம் தலை நீட்டிக்கொண்டிருந்த நாலு கருவேலங் குச்சிதான் இருந்தது. உயரமும் அறிவும் உள்ள நானே கம்பு ஊன்றித்தான் நடந்தேன்.

அதற்கப்புறம் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். வானம் இறங்க ஆரம்பித்துவிட்டால் பிள்ளையை வெளியே விடுவதில்லை. முந்தின நாளே தெரிந்தால் லீவு விடட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. வந்தபின் பாதி நாளில் அவிழ்த்து விடுவதுதான் தப்பு. எங்கள் ஊரில் பல வீடு இன்னும் ஓலையும் கீற்றும்தான். பள்ளிக்கூடத்தின் கான்கிரீட் கட்டடம்தான் ஊரிலேயே கெட்டியான கூரை. கெட்டியான கூரைக்கு அடியிலிருந்து பிள்ளையைக் கிளப்பி, ஊரணிக் கரை வழியாக ஓலைக் கூரைக்கு அனுப்புவதைப் பாதுகாப்பு என்று எப்படிச் சொல்வது?

இதை முதன்முதலில் செய்து பார்த்த நாள் ஒரு கூத்து. அன்றைக்கு எண்பத்தேழு பிள்ளைகள். ஓட்டுக் கட்டடத்தில் இருந்த இரண்டு வகுப்பையும் கான்கிரீட் கட்டடத்துக்கு மாற்றினோம். மெயின் சுவிட்சை அணைத்தோம். வராந்தாக் கம்பிக் கேட்டைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்க்கும் பயல்களை இழுத்து உள்ளே போட்டோம். காம்பவுண்டு சுவர்ப் பக்கம் ஒருத்தரையும் விடவில்லை. 2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளிக்கூடத்துக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று பையன்கள் செத்துப்போனார்களே, அதிலிருந்து ஈரமான பழைய சுவரைக் கண்டாலே எனக்கு ஆகாது.

பயத்தை மறக்க மின்னல் எண்ணும் விளையாட்டு. வெளிச்சம் தெரிந்ததும் நொடிக்கு ஒன்றாக எண்ண ஆரம்பிக்க வேண்டும், இடி கேட்டதும் நிறுத்த வேண்டும். முப்பதுக்குள் இடி வந்தால் இடி நம்மைத் தொடுகிற தூரத்தில் இருக்கிறது, கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் வெளியே கால் வைக்கலாம். மூன்று எண்ணுவதற்கு ஒரு கிலோமீட்டர் என்று கணக்கும் சொல்லிக் கொடுத்தேன். நாலாம் வகுப்புப் பயல் ஒருத்தன் ஒன்பது எண்ணிவிட்டு, "சார், இடி நம்ம சர்ச்சுக்கிட்ட நிக்குது" என்றான். வகுத்தல் கணக்கு இவ்வளவு வேகமாக அவன் போட்டு நான் பார்த்ததே இல்லை.

எந்த சர்க்குலரிலும் எழுதாத ஒரு பிரச்சினை, கழிப்பறை. எங்களுடையது மைதானத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. நடுவில் முழங்கால் தண்ணீர். எண்பத்தேழு பிள்ளைகளை எத்தனை மணி நேரம் அடக்கி வைக்க முடியும்? இடி ஓய்ந்ததும், கயிறு இழுக்கும் போட்டிக்கு வைத்திருந்த வடத்தை எடுத்து வராந்தாத் தூணிலிருந்து கழிப்பறைக் கதவு வரை இழுத்துக் கட்டினோம். அதைப் பிடித்துக்கொண்டு இரண்டு இரண்டு பேராகப் போய் வந்தார்கள். பிள்ளைகளுக்கு அன்றைய நாளின் பெரிய திருவிழாவே அதுதான்.

பெற்றோர்கள் வந்து சத்தம் போட்டார்கள். "எதுக்கு சார் புள்ளைகளை அடைச்சு வெச்சிருக்கீங்க?" என்று ஒருத்தர் சட்டையைப் பிடிக்காத குறைதான். கரும்பலகையில் எல்லாப் பேரையும் எழுதியிருந்தேன். யார் வந்து கூட்டிப்போனார்களோ அந்தப் பிள்ளையின் பேருக்கு மேல் ஒரு கோடு, பக்கத்தில் அவர் கையெழுத்து. "எங்க தெருப் புள்ளைக அஞ்சும் நான் கூட்டிட்டுப் போறேன்" என்று ஒருத்தர் வந்தார். நல்ல மனுஷன்தான், நமக்கும் தெரிந்தவர்தான். அவர் பிள்ளையை மட்டும் கொடுத்தேன். கோபித்துக்கொண்டு போனவர் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. இரவு எட்டரைக்குப் பலகையில் ஏழு பேர் பாக்கி. மத்தியானச் சோற்றில் மிஞ்சியதை ஆயா கஞ்சியாக்கி, ஆளுக்கு ஒரு முட்டை வைத்தார். கடைசிப் பேருக்குக் கோடு போடும்போது மணி ஒன்பதரை.

அந்தப் பெண்ணின் அம்மாவுக்குப் பதில் சொல்ல முடியாமல் நின்றேனே, அதற்கான பதில்தான் அந்தக் கரும்பலகை என்று வைத்துக்கொள்.

நமக்கு அளவு ஒன்று இல்லாததுதான் குறை என்று எனக்கு அடிக்கடி தோன்றும். பழைய பாம்பன் பாலத்தில் காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தொட்டால் சிக்னல் சிவப்பாகிவிடும், ரயில் நின்றே ஆக வேண்டியிருந்தது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. 1964 டிசம்பர் 22 ராத்திரி பாம்பனிலிருந்து தனுஷ்கோடிக்குக் கிளம்பிய பாசஞ்சரை நினைத்துக்கொள்வேன். நூறு பேருக்கு மேல் அதில் இருந்தார்கள், ஒருத்தரும் திரும்பவில்லை. சிக்னல் கிடைக்காமல் ஊருக்கு வெளியே நின்று கூவிக்கொண்டே இருந்ததாம். அப்புறம் டிரைவர் துணிந்து வண்டியை எடுத்தாராம். எங்கள் அப்பா அந்தக் கதையைச் சொல்லும்போதெல்லாம் இந்த இடத்தில் நிறுத்தி வெற்றிலையைத் துப்பிவிட்டு வருவார். இன்றைக்கு ரயிலுக்குச் சிவப்பு விளக்கு இருக்கிறது. கடலுக்குப் போகிறவனுக்குத் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றுகிறார்கள், மீன்துறையில் டோக்கன் கொடுக்காமல் நிறுத்துகிறார்கள். பள்ளிக்கூடத்துக்கு வருவதெல்லாம் மாவட்டத்துக்கே ஒரு நிறம், மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு. நம் மாவட்டம் என்ன சின்னதா? தொண்டி எங்கே, முதுகுளத்தூர் எங்கே? 2024 நவம்பர் 20ஆம் தேதி ராமேஸ்வரம் தீவில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. ஒரே நாளில் 20 தாண்டினாலே அதி கனமழை என்று பேர். அன்றைக்குக்கூட மாவட்டத்தின் உள்பக்கத்தில் அந்தக் கொட்டு இல்லை. மேலே இருந்து பார்க்கிறவர்களுக்கு என் ஊரணிக் கரை எப்படித் தெரியும்? தெரிய வேண்டியவன் நான்தான்.

அதனால் இப்போது ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பக்கம். வீட்டில் பகலில் யார் இருப்பார்கள், அம்மா எந்த நாட்களில் பாசிக்குப் போவாள், வழியில் ஊரணி உண்டா, யார் வந்தால் கொடுக்கலாம். பள்ளி திறந்த முதல் வாரத்திலேயே எழுதிவிடுகிறோம். மாவட்டப் பேரிடர் உதவி எண் 1077ஐ மூன்றாம் வகுப்புச் சுவரில் பெரிதாக எழுதி வைத்தாயிற்று. இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த ஒருவர் நோட்டைப் புரட்டிவிட்டு, "இதுக்கு ஃபார்மேட் எதுவும் இல்லையே சார்" என்றார். சிரித்து வைத்தேன்.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். 2020 டிசம்பர் புரெவிப் புயல் உனக்கு நினைவிருக்கும். திரிகோணமலைப் பக்கம் ஏறி, மன்னார் வளைகுடாவுக்கு வந்து, நம் கரைக்குப் பக்கத்திலேயே அசையாமல் நின்றுகொண்டதே. கொரோனாவுக்காகப் பள்ளிக்கூடம் மார்ச்சிலிருந்து பூட்டிக் கிடந்தது. அன்றைக்குச் சாயங்காலம் விஏஓ வந்து சாவி கேட்டார், கரையோரச் சனத்தைத் தங்கவைக்க. கதவைத் திறந்தால், கரும்பலகையில் மார்ச் மாதத்துத் தேதி அப்படியே இருக்கிறது. பாயும் போர்வையுமாக அம்மா அப்பாவோடு என் பிள்ளைகளே வந்தார்கள். ஒன்பது மாதம் கழித்து வகுப்புக்குள் வருகிறார்கள். ஒவ்வொன்றும் நேராகப் போய்த் தன் பழைய இடத்தில் பாயை விரித்தது. அந்தப் புத்தகம் நனையாத பெண் அப்போது பெரிய பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டாள், அவள் தம்பி வந்திருந்தான். "சார், அட்டெண்டன்ஸ் எடுக்கலையா?" என்று கேட்டான். எடுத்தேன்.

இன்றைக்குச் சாயங்காலம் பாம்பனில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றியிருக்கிறார்கள். நாளைக்கு லீவா இல்லையா என்று ஏழு பேர் போன் செய்துவிட்டார்கள், அதில் நாலு பேர் வாத்தியார்கள். எனக்கு மட்டும் என்ன தெரியும்? ஆயாவிடம் அரிசி எடுத்து வைக்கச் சொல்லிவிட்டேன், வடத்தையும் வராந்தாவில் போட்டாயிற்று.

நீ கேட்ட நெத்திலிக் கருவாடு இப்போதைக்கு இல்லை. பத்து நாளாக வெயிலே முகம் காட்டவில்லை, காயப் போட்டது மறுபடி ஈரம் வாங்கிக் கெட்டுப்போனது. தை பிறந்ததும் பார்சல் போடுகிறேன். உன் மருமகள் வீட்டுக்குள் நாற்றம் என்பாளே, அவளிடம் முன்கூட்டியே சொல்லி வை. முட்டிக்குப் பெல்ட் போட்டு நட.

உன்,
அந்தோணி