இரண்டாம் முறை எந்தப் பெயர்? செய்தி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், தொலைக்காட்சிகள், இணையச் செய்தித் தளங்கள் ஆகியவற்றின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம்.

சீன அதிபரைப் பற்றிய செய்தி ஒன்று வருகிறது. தலைப்பில் 'ஜின்பிங்'. முதல் பத்தியில் 'ஜி ஜின்பிங்'. படத்தின் கீழே 'ஷி ஜின்பிங்'. இவர் 2012 முதல் கட்சித் தலைவர், 2013 முதல் அதிபர். பத்து ஆண்டுகளுக்கு மேலாகத் தினமும் அச்சேறும் பெயருக்கே நம் பக்கங்களில் இன்னும் ஒரு வடிவம் அமையவில்லை.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். ஒவ்வொரு செய்திப் பிரிவும் ஒரு பெயர்த்தாள் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு செய்தியில் வெளிநாட்டுப் பெயர் ஒவ்வொன்றையும் முதல் முறை முழுதாக எப்படி எழுதுவது, இரண்டாம் முறை அதில் எந்தப் பகுதியை எழுதுவது என்ற இரண்டும் அதில் இருக்கட்டும். தலைப்பு போடுபவரும் செய்தி வாசிப்பவரும் விளையாட்டுப் பக்கம் பார்ப்பவரும் அதையே பார்த்து எழுதட்டும்.

இது கவனக்குறைவால் மட்டும் நேரும் பிழை இல்லை. தமிழ்ப் பெயரில் முன்னால் இருப்பது தகப்பனார் பெயரின் இனிஷியல், கடைசியில் இருப்பதுதான் ஆளின் பெயர். 'மு. கருணாநிதி' என்றால் கருணாநிதி. அந்த 'மு' முத்துவேலர். இந்தப் பழக்கம் உள்ள கண்ணுக்கு 'ஷி ஜின்பிங்' என்பது 'ஷி' என்ற இனிஷியலும் 'ஜின்பிங்' என்ற பெயருமாகத்தான் தெரியும். சீனத்திலோ குடும்பப்பெயர் முன்னால் வரும். ஷி என்பது அவருடைய அப்பாவுக்கும் இருந்த குடும்பப்பெயர். ஜின்பிங் வீட்டில் இட்ட பெயர். அதை மட்டும் தனியே சொல்லிக் கூப்பிடும் உரிமை குடும்பத்தாருக்கும் மிக நெருங்கியவர்களுக்குமே உண்டு. ஒரு நாட்டின் அதிபரை அப்படி நாளும் தலைப்பில் அழைத்துக்கொண்டிருக்கிறோம். ஆங்கில ஏஜென்சிச் செய்தி இரண்டாம் முறை 'ஷி' என்றுதான் கொடுக்கிறது. தமிழாக்கும்போதுதான் அது மாறுகிறது. ஓரெழுத்துச் சொல் தலைப்பில் ஒட்டாது, 'ஜி' என்று எழுதினால் காந்திஜி, நேருஜி போல மரியாதை விகுதி ஆகிவிடும் என்று உங்கள் உதவி ஆசிரியர்கள் தயங்குவது நியாயம். அதற்கு வழி எளிது: எல்லா இடத்திலும் 'ஷி ஜின்பிங்' என்று முழுதாக எழுதலாம். இடம் இல்லையென்றால் 'சீன அதிபர்' போதும்.

இதே பக்கங்களில் வட கொரியத் தலைவரை 'கிம்' என்று சரியாகத்தானே எழுதுகிறீர்கள்? கொரியாவிலும் குடும்பப்பெயர் முன்னால்தான். மா சேதுங்கை 'மாவோ' என்றபோதும் சரியாகவே எழுதினோம், யாரும் அவரைச் 'சேதுங்' ஆக்கவில்லை. ஆக, விதி தெரியாமல் இல்லை. எழுதி வைத்த தாள்தான் இல்லை. 2014-இல் இந்தியத் தொலைக்காட்சி ஒன்றில் ஷி ஜின்பிங் பெயரின் முதல் இரண்டு ஆங்கில எழுத்துகளை (Xi) ரோமன் எண்ணாக எடுத்துக்கொண்டு 'பதினொன்று' என்று வாசித்தவர் வேலையை இழந்தார். வாசிப்பவர் கையில் ஒரு தாள் இருந்திருந்தால் அந்த வேலை போயிருக்காது.

'ஷி' என்ற சொல்லுக்குப் பயிலுதல், பழகுதல் என்று பொருள். அதன் பழைய எழுத்து வடிவத்தில் மேலே ஒரு சோடி இறகு இருக்கும். குஞ்சு திரும்பத் திரும்பப் பறந்து பழகுவதாக அதற்கு விளக்கம் சொல்வார்கள். 'கிம்' பொன்னைக் குறிக்கும் எழுத்து. தென் கொரியாவில் ஐந்தில் ஒருவர் கிம். வியட்நாமில் இந்த நெரிசல் இன்னும் அதிகம். அங்கே பத்தில் மூன்று நான்கு பேர் நுயென் என்பதால், குடும்பப்பெயர் முன்னால் இருந்தும் அதைச் சொல்லி அழைத்தால் யாரென்று தெரியாது. எனவே கடைசியில் உள்ள இட்ட பெயரைச் சொல்வார்கள். வோ நுயென் கியாப் அந்நாட்டவருக்குத் தளபதி கியாப். ஹோ சி மின்னை 'ஹோ' என்பது விதிவிலக்கு. 'கிழக்காசியா என்றால் முதல் சொல்' என்று ஒரே வரியில் விதி எழுதினாலும் தப்பாகும் என்பதால்தான் பெயர் பெயராகத் தாள் வேண்டும் என்கிறோம்.

அடுத்து சவூதி பட்டத்து இளவரசர் முகமது பின் சல்மான். 'பின்' என்றால் மகன். நம் பத்திரங்களில் 'இராமசாமி மகன் கந்தசாமி' என்று எழுதுவோமே, அதே அமைப்புதான். இவரைச் சுருக்கிச் 'சல்மான்' என்று எழுதினால் அது 2015 முதல் அரியணையில் இருக்கும் அவருடைய அப்பாவைக் குறிக்கும். அப்பாவும் மகனும் ஒரே செய்தியில் வரும் நாளில் யார் ஒப்பந்தம் போட்டார், யார் மருத்துவமனையில் இருக்கிறார் என்பதை வாசகர் எப்படிப் பிரித்தறிவார்? 'பின் சல்மான்' என்று மட்டும் எழுதுவதும் 'இராமசாமி மகன்' என்று ஒருவரைக் கூப்பிடுவது போலத்தான். முகமது என்றோ பட்டத்து இளவரசர் என்றோ எழுதுங்கள். 'பின் லேடன்' மட்டும் வேறு கதை. அந்த வீட்டில் அது குடும்பப்பெயராகவே உறைந்துவிட்டது, எனவே அப்படி எழுதலாம். 'அப்துல்' என்பதும் தனிப்பெயர் ஆகாது. 'அப்து' அடியான், 'அல்' சுட்டுச்சொல். பின்னால் இறைவனின் பெயர் ஒன்று வந்தால்தான் சொல் முடியும். 'அப்துல் கைது' என்று தலைப்பு போட்டால் '…இன் அடியான் கைது' என்று பாதியில் நிற்கிறது.

எத்தியோப்பியாவிலும் இதே நிலை. 2019-இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்ற அபி அகமதுவின் 'அகமது' அவருடைய தகப்பனார். அவரை அபி என்றே எழுத வேண்டும். மலேசியப் பிரதமர் அன்வார் இப்ராஹிமின் அப்பா பெயர் இப்ராஹிம். மலேசியத் தமிழ் நாளிதழ்கள் 'அன்வார்' என்று சரியாக எழுதும்போது இங்கே 'இப்ராஹிம்' ஆக்குவதற்கு என்ன காரணம்? அங்குள்ள தமிழர்களின் அடையாள அட்டையில் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவே 'ஏ/எல்', 'ஏ/பி' என்று இருக்கும். 'அனாக் லெலாகி' மகன், 'அனாக் பெரெம்புவான்' மகள். இந்தோனேசியாவின் சுகர்ணோவுக்கு ஒரே பெயர்தான். ஒற்றைப் பெயரை ஏற்க மனமில்லாத மேலைப் பத்திரிகைகள் முன்னால் ஒரு 'அகமது'வைச் சேர்த்துவிட்டன. அவருடைய மகள் மேகவதி சுகர்ணோபுத்ரியின் பெயரைத் தமிழருக்கு விளக்கவே வேண்டாம், 'புத்ரி' நமக்குத் தெரிந்த சொல். பிறகு எப்படி அவரைச் 'சுகர்ணோபுத்ரி' என்று சுருக்குகிறோம்?

மியான்மர் இன்னும் வேதனை. 1961 முதல் 1971 வரை ஐ.நா. பொதுச்செயலாளராக இருந்தவரை நம் பொது அறிவுப் புத்தகங்கள் 'யு தாண்ட்' என்கின்றன; சில 'யு' வுக்குப் பக்கத்தில் புள்ளியும் வைக்கின்றன. 'ஊ' என்று ஒலிக்கும் அது இனிஷியலே இல்லை. பெரியவர்களுக்கு முன்னால் சேர்க்கும் மரியாதைச் சொல் அது, நம் 'திரு', 'ஐயா' மாதிரி. அவருடைய பெயர் தான்ட், அவ்வளவுதான். பெண்களுக்கு 'டோ'. பர்மியருக்குக் குடும்பப்பெயரே கிடையாது. ஆங் சான் சூச்சியின் பெயரில் ஆங் சான் அப்பா. சூ அப்பாவைப் பெற்ற பாட்டி. ச்சி அம்மா கின் ச்சியின் பெயரிலிருந்து வந்தது. மூன்று பேரை நினைவில் வைத்து இட்ட பெயர். அதில் பின்பாதியை வெட்டி, ஆங்கில எழுத்தைப் பார்த்து 'சூகி' என்று படித்து, அதையே முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அச்சிட்டு வருகிறோம். பர்மாவில் பல தலைமுறை வாழ்ந்து திரும்பிய குடும்பங்கள் தமிழ்நாட்டில் எத்தனையோ உண்டு. அவர்களில் ஒருவரைக் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும்.

இலக்கியப் பக்கங்களும் தப்பவில்லை. ஸ்பானிய வழக்கில் முதலில் அப்பாவின் குடும்பப்பெயர், அடுத்து அம்மாவின் குடும்பப்பெயர். கப்ரியேல் கார்சியா மார்க்வெஸ் என்பதில் கார்சியா அப்பா வழி, மார்க்வெஸ் அம்மா வழி. ஸ்பானிய மொழியில் அவர் 'கார்சியா மார்க்வெஸ்'. தமிழில் 'மார்க்வெஸ்' என்றே நிலைத்துவிட்டது. அதே வழக்கில் பெரு நாட்டு எழுத்தாளர் வர்காஸ் யோசாவும் 'வர்காஸ் யோசா'தான். ஸ்பானியக் கவிஞர் கார்சியா லோர்கா மட்டும் அங்கேயே அம்மா வழிப் பெயரால் அறியப்பட்டவர், ஏனென்றால் கார்சியா அங்கே மிகப் பொதுவான பெயர்.

விளையாட்டுப் பக்கத்தில் ஐஸ்லாந்து அணி வந்தால் பெரும்பாலான பெயர்கள் '-சொன்' என்று முடியும். அவர்கள் அண்ணன் தம்பிகள் இல்லை, '-சொன்' என்றால் இன்னாருடைய மகன். மகளுக்கு '-டோட்டிர்'. அண்ணனுக்கும் தங்கைக்கும் கடைசிச் சொல் வேறாக இருக்கும். அச்சில் வந்த தொலைபேசிப் பட்டியலே இட்ட பெயரின் அகரவரிசையில்தான் இருந்தது. அங்கே பிரதமரையும் இட்ட பெயரால்தான் குறிப்பிடுகிறார்கள்.

இலங்கை வீரர்களின் நீண்ட இனிஷியல்களையும் கொஞ்சம் பாருங்கள். சமிந்த வாஸின் முழுப்பெயர் வர்ணகுலசூரிய படபெந்திகே உஷாந்த ஜோசப் சமிந்த வாஸ். முதல் இரண்டு சொற்கள் வம்ச வீட்டின் பெயர், 'கே' என்ற முடிவு அதைக் காட்டும். கடைசி 'வாஸ்' போர்த்துக்கீசியரிடமிருந்து வந்தது. பெரேராவும் சில்வாவும் அப்படியே. பெரேரா என்றால் பேரிக்காய் மரம், சில்வா என்றால் காடு. தூத்துக்குடிக் கடற்கரையில் பெர்னாண்டோ, மச்சாடோ என்று பெயர்கள் இருப்பதும் 1530-களில் பரதவர் திருமுழுக்குப் பெற்றதன் தொடர்ச்சி. மச்சாடோ என்றால் கோடரி. ஞாயிறு மலரில் இந்தப் பெயர்களுக்குச் சமஸ்கிருத வேர் கண்டுபிடித்து எழுதுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

அயல்நாடு எதற்கு, ஆந்திராவையே பார்ப்போம். தெலுங்கில் முன்னால் வருவது வீட்டுப் பெயர், அப்பா பெயர் அல்ல. என்.டி.ஆரின் 'என்' நந்தமூரி. சந்திரபாபு நாயுடுவின் 'என்' நாரா. கர்நாடகத்தில் எச்.டி. தேவகவுடாவின் 'எச்' ஹரதனஹள்ளி என்ற ஊர், 'டி' தொட்டேகவுடா என்ற தகப்பனார். பக்கத்து மாநிலங்களிலேயே மூன்று வகை இருக்கும்போது எல்லாவற்றையும் தமிழ் இனிஷியலாகவே படித்துக்கொண்டிருக்கிறோம்.

இதை மற்ற யாரையும்விட உரத்துச் சொல்ல வேண்டியவர்கள் தமிழர்கள். 1929-இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடத் தீர்மானம் போட்டது. பெயருக்குப் பின்னால் இருந்த சாதி போனது, முன்னால் அப்பா பெயரின் எழுத்து நின்றது. நாம் தெரிந்தே, பெருமையோடு எடுத்த முடிவு அது. அதற்கு விண்ணப்பப் படிவங்களில் இன்றைக்கும் விலை கொடுக்கிறோம். கடவுச்சீட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தைக் காலியாக விட்டவரின் இட்ட பெயர் அமெரிக்க விசாவில் குடும்பப்பெயர்க் கட்டத்துக்கு நகர்கிறது. காலியான இடத்தில் 'எஃப்.என்.யு.' என்று அச்சாகிறது. 'முதல் பெயர் தெரியவில்லை' என்பதன் சுருக்கம் அது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் முழுதாகக் கையில் இருக்கும்போதே, பெயர் தெரியாதவர் என்ற முத்திரையோடு அந்தப் பிள்ளை கல்லூரியில் சேர்கிறது. வருகைப் பதிவில் அந்த மூன்று எழுத்துகள்தான் அதன் பெயர். 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர்க் கடவுச்சீட்டோடு சுற்றுலா, வருகை விசாவில் வருவோரை அனுமதிக்க மாட்டோம் என்று அறிவித்தது. தந்தை பெயர் கடவுச்சீட்டில் இருந்தால் போதும் என்று சில நாளில் தளர்த்தியது. குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பா பெயரை எழுதியவர்களுக்கு வேறு அவதி: விமான நிலைய ஒலிபெருக்கியில் அப்பாவைக் கூப்பிடுவார்கள், வரிசையில் நிற்பது மகள். சதுரங்க உலகம் ஆனந்தை 'விஷி' என்று செல்லமாக அழைக்கிறது. அது அவருடைய தகப்பனார் விஸ்வநாதனின் பெயர்.

இந்த வலி தெரிந்த மொழியில் வரும் செய்தித்தாளே அபியை அகமது ஆக்கும்போது கோபம் வருகிறது. கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவுப் பதிப்புக்குள் பக்கத்தை முடிக்கும் அவசரம் தெரியாமல் இதை எழுதவில்லை.

தாள் தயாரிப்பது ஒரு வாரத்து வேலை. வெளிநாட்டுச் செய்திகளில் திரும்பத் திரும்ப வருபவை நாற்பது, ஐம்பது பெயர்கள்தான். ஒவ்வொன்றுக்கும் மூன்று கேள்வி கேளுங்கள். அந்த நாட்டில் எந்தச் சொல் முன்னால் வருகிறது? கடைசிச் சொல் குடும்பத்துக்கே உரியதா, அப்பாவின் பெயர் மட்டுமா? அந்த ஊர்ச் செய்தித்தாள் இரண்டாம் முறை அவரை எப்படி எழுதுகிறது? மூன்றாவது கேள்விக்கான விடை மற்ற இரண்டோடு முரண்பட்டால் மூன்றாவதையே எடுத்துக்கொள்ளுங்கள். உச்சரிப்பை ஆங்கில எழுத்தைப் பார்த்து முடிவு செய்யாமல், அந்நாட்டுத் தொலைக்காட்சியில் அந்தப் பெயரை ஒருமுறை கேட்டு எழுதுங்கள். 'ஊ', 'டோ', 'பின்', 'ஏ/எல்' போன்ற ஒட்டுகளுக்குத் தனிப் பத்தி ஒன்று வையுங்கள். புள்ளி வைக்கும் தவறு அங்கேதான் நடக்கிறது. ஒரு வடிவத்தை முடிவு செய்தபின் பழைய இணையச் செய்திகளிலும் தேடுசொல்லாக அதைச் சேர்த்துவிடுங்கள். இல்லையென்றால் 'ஷி' என்று தேடுபவருக்கு 'ஜி' என்று போட்ட செய்திகள் கிடைக்காது.

முதல் தாளை ஷி ஜின்பிங், முகமது பின் சல்மான், ஆங் சான் சூச்சி, அபி அகமது, அன்வார் இப்ராஹிம் ஆகிய ஐந்து பெயர்களோடு தொடங்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் வெளிநாட்டுப் பக்கத்தைத் தவறாமல் படிக்கும் வாசகர்கள்